கம்பெனியில் வேலை! 30 ஆயிரம் சம்பளம் 23 ஆயிரம் ஆனது எப்படி?

காலை 7 மணி. பள்ளிக்கரணை பஸ் நிறுத்தத்தில் போய் நின்று பாருங்கள்.

தோளில் ஒரு பை. கழுத்தில் ஒரு பட்டை. அதன் நுனியில் படம் ஒட்டிய அட்டை. கண்ணில் தூக்கம். இப்படிப் பல வாலிபர்களும் இளம் பெண்களும் அங்கே நிற்பார்கள்.

இவர்களில் புதிதாக வேலையில் சேர்ந்தவர் யார்? கண்டுபிடிப்பது சுலபம். கழுத்தில் தொங்கும் அட்டையை அடிக்கடி தொட்டுப் பார்த்துக் கொள்கிறாரே, அவர்தான்! பழையவர்கள் அதைச் சட்டைப் பைக்குள் தள்ளியிருப்பார்கள்.

இவர்கள் எல்லோரும் இங்கே வந்து குடியிருப்பதற்குக் காரணம் இருக்கிறது. மேற்கே தாம்பரம். வடக்கே வேளச்சேரி. கிழக்கே துரைப்பாக்கம். அங்கே போய்விட்டால் பழைய மகாபலிபுரம் சாலை. இப்போது அதற்கு ராஜீவ் காந்தி சாலை என்று பெயர்.

2000-ம் ஆண்டு ஜூலை 4-ந் தேதி, தரமணியில் டைடல் பூங்காவைப் பிரதமர் வாஜ்பாய் திறந்து வைத்தார். அதன் பிறகு அந்தச் சாலை நெடுகக் கண்ணாடிக் கட்டிடங்கள் எழும்பின. பெருங்குடி, சோழிங்கநல்லூர், சிறுசேரி என்று வரிசையாகக் கம்பெனிகள் வந்தன. கட்டிடம் அங்கே, கட்டில் இங்கே! மூன்று பேர் தங்கும் அறையில் ஒரு கட்டிலைப் பிடித்துக்கொண்டு, கடலூரிலிருந்தும் தர்மபுரியிலிருந்தும் தென்காசியிலிருந்தும் வந்த பிள்ளைகள் பள்ளிக்கரணையில் இருக்கிறார்கள்.

கம்பெனி பஸ் சதுப்பு நிலத்தை ஒட்டிப் போகும். ஒரு பக்கம் கூழைக்கடாவும் நாரையும் நிற்கும். இன்னொரு பக்கம் பெருங்குடிக் குப்பைக் கிடங்கு. உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலம் என்று 2022-ல் ராம்சர் பட்டியலில் இடம் பெற்ற நிலம் இது. ஆனால், புதியவருக்குப் பறவையைப் பார்க்க நேரம் ஏது? அவர் போனில் பாடம் படித்துக்கொண்டிருப்பார்.

ஏன்? அவருக்கு இன்று பரீட்சை!

மறுபடியும் பரீட்சை

"வேலை கிடைத்துவிட்டது. இனிமேல் என்ன பரீட்சை?" என்று ஊரில் அம்மா கேட்பார். நியாயமான கேள்விதான்.

ஆனால், பெரிய கம்பெனிகளில் சேரும் பட்டதாரி, முதல் சில மாதங்கள் வேலைக்காரர் அல்ல, பயிற்சிக்காரர். கல்லூரியில் நான்கு ஆண்டு படித்ததைத் தள்ளி வைத்துவிட்டு, கம்பெனிக்கு வேண்டியதைப் படிக்க வேண்டும். வாரம்தோறும் சோதனை இருக்கும். கடைசியில் பெரிய சோதனை ஒன்று. அதில் தேறினால்தான் வேலை.

தேறாவிட்டால்?

2025 பிப்ரவரியில் மைசூரில் நடந்ததைப் பாருங்கள். இன்போசிஸ் கம்பெனியின் பயிற்சி நிலையம் அங்கே இருக்கிறது. 300-க்கும் மேற்பட்ட பயிற்சியாளர்களைக் கம்பெனி ஒரே மூச்சில் வெளியே அனுப்பியது. "மூன்று வாய்ப்பு கொடுத்தோம். தேறவில்லை. ஒப்பந்தத்திலேயே இது இருக்கிறது" என்பது கம்பெனியின் பதில். ஊழியர் சங்கம் மத்திய தொழிலாளர் துறைக்குப் புகார் அனுப்பியது. கர்நாடக அரசு விசாரிக்க வேண்டியதாயிற்று.

அவர்களில் பலர் 2022-லேயே வேலை உத்தரவு பெற்றவர்கள். "வா" என்று கம்பெனி கூப்பிடுவதற்கு இரண்டு ஆண்டுக்கு மேல் ஆகிவிட்டது!

இதில் ஒரு கஷ்டம் ஒளிந்திருக்கிறது. பெரும்பாலான பாங்குகளின் கல்விக் கடன் திட்டத்தில், படிப்பு முடிந்து ஓர் ஆண்டு வரைதான் தவணை கேட்க மாட்டார்கள். அதன் பிறகு தவணை தொடங்கிவிடும். கம்பெனி இரண்டு ஆண்டு காத்திருக்கச் சொல்லலாம். பாங்கு காத்திருக்குமா? சம்பளம் வருவதற்கு முன்பே கடன் கதவைத் தட்டுகிறது. காத்திருந்தது போக, பயிற்சியிலும் தோற்றுவிட்டால் அந்தக் குடும்பத்தின் கதி என்ன?

கம்பெனி சொல்வது சட்டப்படி சரியாக இருக்கலாம். இரண்டு ஆண்டு காக்க வைத்ததற்கு யார் மார்க் போடுவது?

பெயர் சொல்லிக் கூப்பிடு!

புதியவரைத் திகைக்க வைக்கும் விஷயம் இன்னொன்று உண்டு. அங்கே "சார்" கிடையாது!

தலை நரைத்த அதிகாரியையும் பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும். பள்ளிக்கூடத்தில் வாத்தியாரைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்கிய பிள்ளை, மேலதிகாரியைப் பெயர் சொல்லி எப்படிக் கூப்பிடும்? வாய் வராது. முதல் ஒரு மாதம் பெயரே சொல்லாமல் "எக்ஸ்கியூஸ் மீ" என்றே காலம் தள்ளுகிறவர்கள் உண்டு.

பெயர் சொல்லிப் பழகுவது நல்ல பழக்கம்தான். ஆனால், பெயர் சொல்லிக் கூப்பிடுவது வேறு. எதிரே உட்கார்ந்து "எனக்குப் புரியவில்லை" என்று சொல்வது வேறு. முதலாவதை ஒரு வாரத்தில் கற்றுக்கொள்ளலாம். இரண்டாவதற்குத் துணிச்சல் வேண்டும். தமிழில் படித்து வந்த பிள்ளைக்கு இங்கேதான் தடுமாற்றம். பாடம் தெரியும். அதை இங்கிலீஷில் சொல்லத் தெரியாது. வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். "இவருக்கு ஒன்றும் தெரியாது" என்று முடிவு கட்டிவிடுவார்கள்.

இதை உணர்ந்துதான், தமிழ்நாடு அரசு 2022 மார்ச் 1-ந் தேதி "நான் முதல்வன்" திட்டத்தைத் தொடங்கியது. கல்லூரியிலேயே தொழில் திறனும் பேச்சுத் திறனும் கற்றுக் கொடுப்பது அதன் நோக்கம். ஒரு திட்டத்தால் கூச்சம் போய்விடுமா? கொஞ்சம் போகும். மீதியைப் பக்கத்து நாற்காலிக்காரரிடம் தமிழில் கேட்டுத்தான் போக்கிக்கொள்ள வேண்டும்.

'பெஞ்ச்' என்றால் என்ன?

பயிற்சி முடிந்தது. தேறியாயிற்று. அடுத்து என்ன?

"நான் பெஞ்சில் இருக்கிறேன்" என்று பிள்ளை போனில் சொல்லும். பள்ளிக்கூடத்துப் பெஞ்சு என்று நினைத்துவிடாதீர்கள்!

இந்தக் கம்பெனிகளுக்கு வேலை வருவது அமெரிக்காவிலிருந்தும் ஐரோப்பாவிலிருந்தும். அங்கே உள்ள ஒரு பாங்கோ, ஒரு கடையோ வேலை கொடுக்கும். அந்த வேலைக்கு இத்தனை பேர் என்று கணக்குக் காட்டிக் கம்பெனி பணம் வாங்கும். அப்படி எந்த வேலையிலும் சேர்க்கப்படாமல் காத்திருப்பவர்தான் 'பெஞ்சில்' இருப்பவர். அவருக்குச் சம்பளம் உண்டு. அவரால் வரும்படி இல்லை.

முன்பெல்லாம் கம்பெனிகள் இதைப் பெரிதாகப் பார்க்கவில்லை. இப்போது அப்படி இல்லை. ஆண்டுக்கு 225 வேலை நாட்களாவது வரும்படி தரும் வேலையில் இருக்க வேண்டும். பெஞ்சில் 35 நாளுக்கு மேல் இருக்கக் கூடாது என்று டி.சி.எஸ். கம்பெனி 2025 ஜூனில் விதி போட்டது.

அடுத்த மாதமே இன்னொரு செய்தி வந்தது. மொத்த ஊழியர்களில் 100-க்கு 2 பேரை, அதாவது சுமார் 12 ஆயிரம் பேரைக் குறைக்கப் போவதாக அதே கம்பெனி அறிவித்தது. பெரும்பாலும் நடுத்தர, மூத்த பதவிக்காரர்கள் என்றார்கள். செயற்கை அறிவு, அதாவது 'ஏ.ஐ.' காரணம் அல்ல. வேலைக்கேற்ற திறமை பொருந்தாததே காரணம் என்று கம்பெனித் தலைவர் சொன்னார்.

மூத்தவர்களுக்குத்தானே ஆபத்து, புதியவருக்கு என்ன என்று கேட்கலாம். ஒரு மூத்தவருக்குக் கீழே பல புதியவர்கள் என்பதுதான் இந்தத் தொழிலின் பழைய ஏற்பாடு. புதியவர்களுக்குக் கொடுத்த சில்லறை வேலைகளை இப்போது இயந்திரம் எழுதித் தருகிறது. சில்லறை வேலை செய்துதானே எல்லோரும் தொழில் கற்றார்கள்? அந்தப் படியே இல்லாவிட்டால், மேலே ஏறுவது எப்படி? இந்தக் கேள்விக்குக் கம்பெனிகள் இன்னும் நேரான பதில் சொல்லவில்லை.

முதல் சம்பளம்

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருவோம். பல வீடுகளில் அப்பாவுக்கும் பிள்ளைக்கும் சண்டை வருவது இங்கேதான்!

வேலை உத்தரவில் "ஆண்டுக்கு 3,60,000 ரூபாய்" என்று போட்டிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அப்பா 12-ஆல் வகுக்கிறார். மாதம் 30,000! தெருவெல்லாம் சொல்லியாயிற்று.

பாங்கில் வந்து விழுவது 23,000 ரூபாய். பதினைந்தாம் தேதி சேர்ந்திருந்தால் முதல் மாதம் அதிலும் பாதி. "மீதிப் பணத்தை என்ன செய்தாய்?" என்று அப்பா கேட்கிறார். பிள்ளை விழிக்கிறது.

யாரும் திருடவில்லை. கணக்கு இதோ.

உத்தரவில் உள்ள தொகைக்கு 'சி.டி.சி.' என்று பெயர். உங்கள் பிள்ளைக்காகக் கம்பெனி செலவழிக்கும் மொத்தத் தொகை அது. கைக்கு வரும் சம்பளம் அல்ல.

அடிப்படைச் சம்பளம் 15,000 என்றால், கம்பெனி தன் பங்காக பிராவிடண்ட் பண்டில் போடுவது 12 சதவீதம், 1,800 ரூபாய். கிராஜுவிட்டிக்காக ஒதுக்குவது சுமார் 720. மருத்துவ இன்சூரன்சுக்கு 480 என்று வைத்துக்கொள்வோம். 'வேரியபிள் பே' என்று ஒன்று உண்டு. வேலை நன்றாக நடந்தால் மூன்று மாதத்துக்கு ஒரு தடவையோ ஆண்டுக்கு ஒரு தடவையோ தருவது. குறையலாம், வராமலும் போகலாம். அதற்கு மாதம் 2,000. ஆக, 5,000 போயிற்று.

மீதி 25,000. அதில் பிள்ளையின் பங்காக பிராவிடண்ட் பண்டுக்கு 1,800. தொழில் வரி சுமார் 200. அது ஆண்டுக்கு 2,500 ரூபாய்க்கு மேல் போகக் கூடாது என்று அரசியல் சட்டமே சொல்கிறது. கையில் 23,000!

வருமான வரி? கவலை வேண்டாம். 2025-26 நிதி ஆண்டிலிருந்து, புதிய முறையில் 12,75,000 ரூபாய் வரை சம்பளத்துக்கு வரி இல்லை.

பிராவிடண்ட் பண்டு எங்கும் போகாது. இரண்டு பங்கும் சேர்ந்து மாதம் 3,600. கம்பெனியின் பங்கில் 1,250 ரூபாய் பென்ஷன் கணக்குக்குப் போகும். மீதி வட்டியோடு வளரும். கிராஜுவிட்டி மட்டும் சாதாரணமாக ஐந்து ஆண்டு வேலை பார்த்தால்தான் கிடைக்கும். இரண்டு ஆண்டில் கம்பெனி மாறுகிறவருக்கு அந்த 720 வெறும் எழுத்துதான்!

சம்பளம் எவ்வளவு என்பதிலேயே குழப்பம் வருவதும் உண்டு. 2024 ஆகஸ்டில், காக்னிசண்ட் கம்பெனி புதிய பட்டதாரிகளுக்கு ஆண்டுக்கு 2,52,000 ரூபாய் என்று அறிவித்ததாக நாடெங்கும் பேச்சாயிற்று. மாதம் 21,000! கேலியும் கோபமும் பறந்தன. அது மூன்று ஆண்டுப் பட்டம் பெற்றவர்களுக்கு. என்ஜினீயர்களுக்கு 4 லட்சம் முதல் 12 லட்சம் வரை என்று கம்பெனி விளக்கியது. விளக்கம் சரி. ஆனால், மூன்று ஆண்டு படித்தவருக்கும் பள்ளிக்கரணையில் கட்டில் வாடகை அதேதான்!

கையெழுத்துப் போடுமுன்...

2025 நவம்பர் 21-ந் தேதி முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் அமலுக்கு வந்திருக்கின்றன. வேலை உத்தரவை எழுத்து மூலம் கொடுப்பது கட்டாயம். மாதச் சம்பளத்தை அடுத்த மாதம் 7-ந் தேதிக்குள் கொடுத்துவிட வேண்டும். வேலையை விட்டாலும், விலக்கினாலும் பாக்கிச் சம்பளத்தை இரண்டு வேலை நாளுக்குள் தீர்க்க வேண்டும். பெண்களை இரவு வேலைக்குப் போட, அவர்களுடைய சம்மதமும் பாதுகாப்பு ஏற்பாடும் வேண்டும்.

'பாண்டு' எழுதித் தரச் சொல்கிறார்களே, அது செல்லுமா? 2025 மே மாதம் விஜயா வங்கி வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புச் சொன்னது. மூன்று ஆண்டுக்குள் வேலையை விட்டால் 2 லட்சம் ரூபாய் கட்ட வேண்டும் என்ற நிபந்தனை செல்லும் என்றது. அது பொதுத்துறை வங்கி. புதிதாக ஆள் எடுக்க அதற்கு ஆகும் செலவைப் பார்த்து, அந்தத் தொகை நியாயம் என்றார்கள். எந்தக் கம்பெனியும் எவ்வளவு வேண்டுமானாலும் கேட்கலாம் என்று அர்த்தம் அல்ல. ஆனால், "பாண்டு சும்மா, காகிதம்தான்" என்று பக்கத்து வீட்டுக்காரர் சொன்னால் நம்பாதீர்கள்.

வேலை தருவதற்குப் பணம் கேட்டால், அது கம்பெனி அல்ல, மோசடி. சான்றிதழ்களின் அசலைக் காட்டலாம். கொடுத்துவிட்டு வரக் கூடாது. கம்ப்யூட்டர் கம்பெனி ஊழியர்களும் சங்கம் சேரலாம் என்று தமிழ்நாடு அரசு 2016-லேயே தெளிவுபடுத்திவிட்டது. இது பலருக்குத் தெரியாது.

சம்பளச் சீட்டில் 'யு.ஏ.என்.' என்று ஒரு 12 இலக்க எண் இருக்கும். பிராவிடண்ட் பண்டு எண் அதுதான். எத்தனை கம்பெனி மாறினாலும் அந்த எண் மாறாது. மத்திய அரசின் 'உமாங்' செயலியில் அதைக் கொடுத்தால் பாஸ் புத்தகம் தெரியும். இரண்டு மாதம் கழித்து அப்பாவும் பிள்ளையும் சேர்ந்து உட்கார்ந்து அதைத் திறந்து பாருங்கள். பிடித்த பணமும் கம்பெனி போட்ட பணமும் மாதவாரியாக அதில் ஏறியிருக்க வேண்டும். ஏறவில்லை என்றால், அன்றைக்கே கம்பெனியில் கேளுங்கள்.