மறிப்பவர் பெயர் என்ன?

2025 பிப்ரவரி 15, சனிக்கிழமை மாலை. விகடன் இணையதளம் பலருக்குத் திறக்கவில்லை, சிலருக்குத் திறந்தது. ஒரு நிறுவனத்தின் சிம்மில் வந்த பக்கம் இன்னொரு நிறுவனத்தின் சிம்மில் வரவில்லை. டேட்டா தீர்ந்துவிட்டதோ, டவர் கிடைக்கவில்லையோ என்று போனை அணைத்துப் போட்டுப் பார்க்கத் தோன்றும் நிலைமை. பத்திரிகை அலுவலகத்துக்கும் அப்போது எந்த ஆணையும் வந்திருக்கவில்லை. முடக்கிய பிறகுதான் மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சகத்தின் கடிதம் வந்தது.

காரணம் ஒரு கருத்துப்படம். உரிய ஆவணமின்றித் தன் நாட்டில் இருந்த இந்தியர்கள் 104 பேரை அமெரிக்கா விலங்கு பூட்டி ராணுவ விமானத்தில் ஏற்றி அனுப்பியது. பிப்ரவரி 5 அன்று விமானம் அமிர்தசரஸில் இறங்கியது. இதற்கு இந்திய அரசு வாய் திறந்து எதிர்ப்புச் சொல்லவில்லை என்ற விமர்சனத்தை விகடன் பிளஸ் மின்னிதழ் பிப்ரவரி 10 அன்று அட்டைப்படமாக்கியது. டிரம்ப் அருகே பிரதமர் மோடி விலங்கோடு உட்கார்ந்திருக்கும் படம். அப்போதைய தமிழக பாஜக தலைவர் அண்ணாமலை, மத்திய இணையமைச்சர் எல். முருகனிடம் புகார் கொடுத்தார். தளம் நின்றது. படம் இருந்தது ஒரு பக்கத்தில். பூட்டு விழுந்ததோ மொத்த வீட்டுக்கும்.

இது இணையம் கொண்டுவந்த புதுப் பழக்கம் என்று நினைப்பவர்கள் ஒருமுறை விழுப்புரம் வரை போய் வர வேண்டும்.

சென்னையிலிருந்து புதுச்சேரிக்கு ரயிலில் போகிறவர் செங்கல்பட்டு, திண்டிவனம் தாண்டி விழுப்புரம் வந்துதான் திரும்ப வேண்டும். விழுப்புரம்–புதுச்சேரி கிளைப்பாதை 1879 டிசம்பரில் திறக்கப்பட்டது. வளவனூர், சின்னபாபுசமுத்திரம், வில்லியனூர் என்று போகும் அந்தப் பாதை நாற்பது கிலோமீட்டரைக்கூடத் தொடாது. அந்தக் கொஞ்ச தூரத்துக்குள் ஒரு ராஜ்யம் முடிந்து இன்னொன்று தொடங்கியது. மேற்கே ஆங்கிலேயர் சட்டம், கிழக்கே பிரெஞ்சுக்காரர் சட்டம். புதுச்சேரியிலிருந்து ரயிலேறிய எந்தப் பொட்டலமும் விழுப்புரத்தைத் தொடாமல் தமிழ்நாட்டின் மற்ற ஊர்களுக்குப் போக முடியாது.

1906இல் சென்னையில் தொடங்கிய ‘இந்தியா’ வார இதழ் முன்பக்கத்தில் அரசியல் கருத்துப்படம் போட்டு வந்தது. தமிழ் இதழ்களில் கருத்துப்படத்துக்குப் பாதை போட்டது பாரதி எழுதிய அந்த இதழ்தான். 1908 ஆகஸ்டில் ராஜத்துரோக வழக்கு பாய்ந்தது. பதிவேட்டில் ஆசிரியராக இருந்த மு. சீனிவாசன் கைதானார், ஐந்தாண்டுத் தண்டனை பெற்றார். அடுத்து தன்மேல் கை விழும் என்று தெரிந்ததும் பாரதி புதுச்சேரிக்குப் போய்ச் சேர்ந்தார். அச்சகமும் பின்னாலேயே போனது. அக்டோபரில் ‘இந்தியா’ பிரெஞ்சு எல்லைக்குள்ளிருந்து வரத் தொடங்கியது.

ஆங்கிலேய அரசுக்கு இப்போது ஒரு சிக்கல். புதுச்சேரிக்குள் ஒற்றர்களை அனுப்பலாம். அச்சகத்தைப் பூட்ட ஆள் அனுப்ப முடியாது. ஆனால் ஒரு பத்திரிகைக்கு உயிர் சந்தாதாரர் வீட்டில் இருக்கிறது. ‘இந்தியா’வின் சந்தாதாரர்களில் பெரும்பாலோர் எல்லைக்கு இந்தப் பக்கம் இருந்தார்கள். எழுதுகிற கை எட்டாத தூரத்தில் இருந்ததால், கொண்டு சேர்க்கிற கையைப் பிடித்தார்கள். இதழ் பிரிட்டிஷ் இந்தியாவுக்குள் வரத் தடை வந்தது. புதுச்சேரியில் அச்சு ஓடிக்கொண்டிருந்தாலும் மதுரையிலும் தஞ்சாவூரிலும் கதவடியில் இதழ் விழாது. 1910 மார்ச்சோடு ‘இந்தியா’ நின்றது. அச்சகத்தின் மேல் ஒரு போலீஸ்காரரும் கைவைக்கவில்லை.

அந்த ஆண்டின் பத்திரிகைச் சட்டம் இந்த உத்தியை எழுத்தில் ஏற்றியது. ஆட்சேபத்துக்குரிய அச்சுப்பொருள் இருப்பதாகச் சந்தேகம் வந்தால் தபாலை நிறுத்திவைக்க அஞ்சல் அலுவலருக்கு அதிகாரம் கிடைத்தது. தபால் சுமக்கிறவரே தபாலைக் காவல் காக்கிறவர் ஆனார்.

இன்று இணைய இணைப்பு தரும் நிறுவனங்களின் வேலையும் இதுவே. நாம் ஒரு தளத்தின் பெயரைத் தட்டியதும், அந்தப் பெயருக்குரிய எண் முகவரி என்ன என்று போன் முதலில் நிறுவனத்தின் கணினியைக் கேட்கிறது. தடைப்பட்டியலில் உள்ள பெயர் என்றால் அந்தக் கணினி தப்பான முகவரியைச் சொல்லும், அல்லது சொல்லாமலே இருந்துவிடும். தபால் நிலையத்தில் ‘அப்படி ஒரு ஊரே கிடையாது’ என்று சொல்லி அனுப்புவது போல. இன்னொரு முறையும் உண்டு. பூட்டிய உறைக்குள் இருக்கும் கடிதத்தைப் படிக்க முடியாவிட்டாலும், உறைமேல் எழுதிய பெயரைப் பார்த்து நடுவழியில் கிழித்துப் போடுவது. ஒவ்வொரு நிறுவனமும் ஒவ்வொரு வழியைக் கையாள்கிறது. ஒரு சிம்மில் திறந்தது மறு சிம்மில் திறக்காததன் ரகசியம் இதுதான். உறைமேல் இருப்பது தளத்தின் பெயர் மட்டுமே என்பதால் எந்தப் பக்கம் வேண்டும், எந்தப் பக்கம் வேண்டாம் என்று பிரிக்கவும் முடிவதில்லை. ஒரு படத்துக்காகத் தளம் முழுதும் போவது இப்படித்தான்.

இந்தத் தாராளம் பலமுறை நடந்திருக்கிறது. 2006 ஜூலையில் மும்பை ரயில் குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு சுமார் இருபது பக்கங்களை முடக்கச் சொன்னது தொலைத்தொடர்புத் துறை. நிறுவனங்களில் பல, கூகுளின் வலைப்பூத் தளத்தையே மொத்தமாக மூடின. 2012இல் தனுஷ் நடித்த ‘3’ படத்தின் திருட்டுப் பிரதிகளைத் தடுக்கச் சென்னை உயர் நீதிமன்றத்தில் ஆணை வாங்கினார்கள். அதைக் காட்டி விமியோ, டெய்லிமோஷன் போன்ற தளங்களையே நிறுவனங்கள் அடைத்தன. குறிப்பிட்ட பக்கத்தை மட்டுமே தடுக்க வேண்டும் என்று நீதிமன்றம் ஜூனில் தெளிவுபடுத்திய பிறகே கதவு திறந்தது. 2017இல் மீண்டும் ஒரு சினிமாத் திருட்டு வழக்கு. அதில் சிக்கியது பழைய இணையப் பக்கங்களையும் நூல்களையும் சேமித்து வைக்கும் இன்டர்நெட் ஆர்க்கைவ். கொசுவுக்கு மருந்தடிக்கக் கூரையையே பிரித்த கதை.

கடல் தாண்டினாலும் இதே வழிதான். 2007 ஜூனில் இலங்கையில் தமிழ்நெட் செய்தித் தளம் இணைய நிறுவனங்கள் வழியாக முடக்கப்பட்டது. தளம் உலகெங்கும் திறந்தது. அது யாருடைய ஊரைப் பற்றி எழுதியதோ, அந்த ஊர்க்காரருக்குத் திறக்கவில்லை.

நம் நாட்டில் இதற்கான அதிகாரம் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஏ பிரிவில் இருக்கிறது. விதிகள் 2009இல் வந்தன. அதிகாரிகள் குழு ஒன்று ஆராயும். காரணம் எழுத்தில் இருக்கும். அவசரம் என்றால் முதலில் முடக்கிவிட்டு 48 மணி நேரத்துக்குள் குழுவின் முன் வைக்கலாம். கேட்க நன்றாகவே இருக்கிறது. முள் 16ஆம் விதியில் இருக்கிறது: புகாரும் நடவடிக்கையும் ரகசியமாக வைக்கப்பட வேண்டும். 2014இல் முடக்கப்பட்ட முகவரிகள் 471 என்றும் 2020இல் 9,849 என்றும் அரசு நாடாளுமன்றத்தில் சொன்னது. எண்ணிக்கை தெரிகிறது, எவை, எதற்காக என்பது தெரிவதில்லை.

உச்ச நீதிமன்றம் 2015 மார்ச்சில் ஷ்ரேயா சிங்கல் வழக்கில், இணையப் பதிவுக்காகக் கைது செய்ய இடம் தந்த 66ஏ பிரிவை அடியோடு தள்ளியது. அந்தப் பிரிவில் 2012இல் கைதானவர்களில் புதுச்சேரிக்காரர் ஒருவரும் உண்டு. மத்திய அமைச்சரின் மகனைப் பற்றி ட்விட்டரில் எழுதியது குற்றம். ஆனால் அதே தீர்ப்பு 69ஏ பிரிவை நிற்க விட்டது. காரணம் எழுத்தில் இருக்கிறதே, அதை நீதிமன்றத்தில் எதிர்க்கலாமே என்பது நீதிபதிகளின் நம்பிக்கை. கையில் கிடைக்காத ஆணையை எந்த நீதிமன்றத்தில் வைத்து எதிர்ப்பது?

இந்த இடத்தில்தான் பழைய தணிக்கைக்கும் புதிய தணிக்கைக்கும் உள்ள வித்தியாசம் புலப்படுகிறது. 1928இல் பாரதியின் ‘சுதேச கீதங்கள்’ சென்னை மாகாண அரசால் பறிமுதல் செய்யப்பட்டது. கொடுமைதான். ஆனால் ஆணை வெளிப்படையாக வந்தது. அதைப் பிடித்துக்கொண்டு சத்தியமூர்த்தி சட்டசபையில் அரசை நிற்க வைத்துக் கேட்டார். அரசின் செயலுக்கு எதிரான தீர்மானம் நிறைவேறியது. அந்நிய ஆட்சியின் தடைக்கும் ஒரு தேதி, ஒரு சட்டப்பிரிவு, ஒரு கையெழுத்து இருந்தது.

நெருக்கடி நிலையில் தணிக்கை அதிகாரி என்று ஓர் ஆள் மேசை போட்டு உட்கார்ந்திருந்தார். ஆள் இருந்தால் ஏமாற்றவும் முடியும். 1976 பிப்ரவரி 3, அண்ணா நினைவு நாள். கைதானவர்கள் பெயரைப் போட முடியாத ‘முரசொலி’, அண்ணா நினைவிடத்துக்கு வர இயலாதவர்கள் என்று ஒரு பட்டியல் போட்டது. ஊர் புரிந்துகொண்டது. 1987 ஏப்ரலில் ஆனந்த விகடன் ஆசிரியர் எஸ். பாலசுப்ரமணியனுக்கு ஓர் அட்டைப்பட நகைச்சுவைக்காகச் சட்டமன்றம் 3 மாதச் சிறை விதித்தது. எதிர்ப்பு கிளம்பவே சில நாளில் விடுவித்தார்கள். அவர் விடவில்லை. வழக்குப் போட்டார், 1994இல் வென்றார், 1,000 ரூபாய் இழப்பீடு பெற்றார். தண்டித்தவர் யார் என்று தெரிந்ததால்தான் அந்த வழக்கே சாத்தியமானது.

2025இல் அதே குழுமத்தின் தளம் மூடியபோது வாசகருக்குத் தெரிந்தது சுற்றிக்கொண்டே இருந்த ஒரு வட்டம் மட்டும். மார்ச் 6 அன்று சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி டி. பரத சக்கரவர்த்தி தளத்தைத் திறக்க இடைக்கால உத்தரவிட்டார். சர்ச்சைக்குரிய படத்தைத் தற்காலிகமாக எடுத்துவைக்க வேண்டும் என்பது நிபந்தனை. ஒரு பக்கம் போனால் போதும் என்பதை ஏறக்குறைய மூன்று வாரம் கழித்து நீதிமன்றம்தான் சொல்ல வேண்டியிருந்தது. விகடனுக்கு வக்கீல் வைக்க வசதி உண்டு. வாசகர் கூட்டம் உண்டு. திண்டிவனத்தில் ஒரே ஆளாக உட்கார்ந்து ஊர்ச் செய்தி போடும் ஒருவரின் பக்கம் இப்படி நின்றுபோனால், அது தடையா பழுதா என்று கண்டுபிடிக்கவே அவருக்கு மாதக்கணக்கு ஆகும்.

தடையே கூடாது என்று வாதாடுவது எளிது, நேர்மையாகாது. குழந்தைகளைச் சீரழிக்கும் படங்கள், மாத வருமானக்காரரைத் தற்கொலைக்குத் தள்ளும் கடன் செயலிகள், வங்கிப் பெயரில் வரும் போலித் தளங்கள் ஆகியவற்றை அடைத்தே ஆக வேண்டும். 2018 மே மாதத்தில் விழுப்புரத்தை ஒட்டிய திருவண்ணாமலை மாவட்டத்தில், பிள்ளை பிடிக்கிறவர் என்ற வாட்ஸ்அப் வதந்தியை நம்பி, குலதெய்வக் கோயிலுக்கு வந்த ஒரு மூதாட்டியை அடித்தே கொன்றார்கள். எழுத்து உயிரை எடுக்கும் என்பதை நம் வட்டாரம் கண்ணால் கண்டிருக்கிறது. ஆனால் அந்த வதந்தியை எந்தத் தளமுடக்கமும் தடுத்திருக்காது. அது ஒரு போனிலிருந்து இன்னொரு போனுக்குப் பூட்டிய உறையில் போனது. ஆபத்தான வதந்திக்கு மருந்து வேறு. ஆட்சியாளரைக் கேலி செய்யும் படத்துக்கு மருந்தே தேவையில்லை. இரண்டையும் ஒரே சீசாவில் வைத்துக்கொண்டு ‘பொது ஒழுங்கு’ என்று சீட்டு ஒட்டுவதுதான் கோளாறு.

கட்சி பார்த்துப் பேசவும் இதில் இடமில்லை. 2006இலும் 2012இலும் டெல்லியில் இருந்தது காங்கிரஸ் கூட்டணி. 1987இல் சென்னையில் இருந்தது அதிமுக. இன்று கைதட்டுகிறவர் நாளை மாட்டிக்கொள்வார்.

திண்டிவனத்தை அடுத்த ஓமந்தூரில் பிறந்த ராமசாமி ரெட்டியார் 1947இலிருந்து 1949 வரை சென்னை மாகாணத்தின் முதல்வராக இருந்தார். பாரதி எழுத்துகளின் உரிமையை அரசே பெற்றுப் பொதுச்சொத்தாக்கும் முடிவு 1949இல் அவர் ஆட்சியில்தான் எடுக்கப்பட்டது. நாற்பதாண்டுகளுக்கு முன் விழுப்புரத்தைத் தாண்டி வரக் கூடாது என்று தடுக்கப்பட்ட பேனாவுக்கு, அதே பாதையோரத்து ஊர்க்காரர் தந்த பதில் அது. எவரும் அச்சிடலாம், எவரும் படிக்கலாம்.

அந்தப் பதிலுக்கு இன்றைய வடிவம் மூன்று விதிகள். தடுக்குமுன் எழுதியவருக்குச் சொல்ல வேண்டும்; அவசரம் என்றால் தடுத்த அன்றே சொல்ல வேண்டும். தடுத்த பக்கத்தைத் திறப்பவர் கண்ணில் எந்தத் துறை, எந்தப் பிரிவு, எந்தத் தேதி என்பது படும்படி இருக்க வேண்டும். குற்றம் ஒரு பக்கத்தில் என்றால் அந்தப் பக்கத்தை எடுக்கச் சொல்ல வேண்டும். தளத்தைத் தொடக் கூடாது. இதற்குப் புதுச் சட்டம் வேண்டாம், 16ஆம் விதியைக் கிழித்துப் போட்டாலே பாதி வேலை முடிந்துவிடும்.

மீதிப் பாதி நம் வேலை. அடுத்த முறை ஒரு செய்திப் பக்கம் திறக்காமல் சுற்றினால், போனைத் தட்டிவிட்டுப் போய்விடாதீர்கள். இன்னொரு இணைப்பில் திறந்து பாருங்கள். அங்கே திறந்தால், உங்கள் நிறுவனத்துக்கு எழுத்தில் கேளுங்கள்: யார் சொல்லி நிறுத்தினீர்கள்? பதில் வராமல் போகலாம். கேட்டது பதிவில் இருக்கும்.