150 மணி நேரமும் 4ஆம் வார்டும்

மும்பை பரேலில் உள்ள கே.இ.எம். மருத்துவமனையின் 4ஆம் வார்டில் ஒரு நோயாளி ஏறக்குறைய 42 ஆண்டுகள் படுக்கையில் கிடந்தார். பெயர் அருணா ஷான்பாக். கர்நாடகத்தின் ஹல்திப்பூரிலிருந்து வந்து, அதே மருத்துவமனையில் நர்ஸாக வேலை பார்த்தவர். 1973 நவம்பர் 27 அன்று மருத்துவமனை ஊழியர் ஒருவன் நாய்ச் சங்கிலியால் அவர் கழுத்தை இறுக்கினான். மூளைக்கு ரத்தம் போகாமல் நினைவு தப்பியது. அந்தப் படுக்கையிலிருந்து அவர் எழவே இல்லை. 2015 மே 18 அன்று நிமோனியாவில் இறந்தார்.

2011 மார்ச் 7 அன்று வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பால் அவர் பெயர் நாடெங்கும் பரவியது. எழுத்தாளர் பிங்கி விரானி தொடுத்த வழக்கு அது. நீதிபதிகள் மார்க்கண்டேய கட்ஜுவும் கியான் சுதா மிஸ்ராவும் அருணாவின் உயிரை முடித்துவைக்க அனுமதி மறுத்தார்கள். அதே வேளையில், மீள வழியே இல்லாத நோயாளிகளுக்கு உயிர்காக்கும் சிகிச்சையைச் சில கட்டுப்பாடுகளோடு நிறுத்தலாம் என்று வழிகாட்டினார்கள். அருணா வழக்கு என்றால் இன்று எல்லோருக்கும் நினைவுக்கு வருவது இந்தக் கருணைக்கொலை விவகாரம்தான். தீர்ப்பில் இன்னொரு செய்தியும் இருக்கிறது. இத்தனை ஆண்டுகள் படுத்த படுக்கையாக இருந்தவருக்குப் படுக்கைப் புண் வரவில்லை என்பதைச் சுட்டிக்காட்டி, கே.இ.எம். நர்ஸ்களை நீதிபதிகள் மனம்விட்டுப் பாராட்டினார்கள். அருணாவுக்காகப் பேசும் உரிமை வழக்குத் தொடுத்தவரைவிட அந்த ஊழியர்களுக்கே உண்டு என்றும் சொன்னார்கள்.

நெடுநாள் படுக்கையில் கிடப்பவரைப் பார்த்துக்கொண்டவர்களுக்கு இதன் கனம் தெரியும். வீட்டில் ஒருவர் பக்கவாதத்தில் விழுந்தால் ஒரே வாரத்தில் இடுப்புக்குக் கீழே தோல் சிவக்கத் தொடங்கும். இரண்டே நாள் அசட்டையாக இருந்தால் போதும், அது புண்ணாகிவிடும். புண் ஆழமாகிவிட்டால் ஆறுவதற்கு மாதங்கள் ஆகும். உணவூட்டுவதும் அப்படித்தான். 4ஆம் வார்டில் 2010 செப்டம்பரில் அருணாவுக்கு மலேரியா வந்து சாப்பாடு இறங்காமல் போகும்வரை, மசித்த உணவை வாய்வழியாகவே ஊட்டியிருக்கிறார்கள். அதன் பிறகே மூக்குவழிக் குழாய் போட்டார்கள். விழுங்குவதே சிரமமான ஒருவருக்குப் புரையேறாமல் அத்தனை ஆண்டுகள் ஊட்டியது எந்தப் பட்டமளிப்பு விழாவிலும் பேசப்படாத வித்தை.

1973இல் அருணாவோடு வேலை பார்த்தவர்கள் ஓய்வுபெற்றுப் போனார்கள். அவருக்குக் கடைசியாக ஊட்டியவர்களில் பலர் அந்த ஆண்டில் பிறந்தே இருக்கமாட்டார்கள். 1980களில் அந்தப் படுக்கையைக் காலி செய்ய மாநகராட்சி இருமுறை முயன்றது. நர்ஸ்கள் போராடித் தடுத்தார்கள். ஒரு தலைமுறை அடுத்த தலைமுறைக்கு நோயாளியை மட்டும் ஒப்படைக்கவில்லை, அவரைப் பார்த்துக்கொள்ளும் முறையையும் சேர்த்தே ஒப்படைத்தது. அதற்குச் சான்றிதழ் கிடையாது, மதிப்பெண் கிடையாது. பணி மாறும் நேரத்தில் ஒரு சிஸ்டர் இன்னொரு சிஸ்டரிடம் சொன்னதும், இளையவர் கையைப் பிடித்து மூத்தவர் செய்துகாட்டியதும்தான்.

இந்தியாவில் செவிலியருக்கான தொடர்கல்வி வேறு பாதையில் போகிறது. இந்திய நர்சிங் கவுன்சிலின் விதிப்படி, பதிவு பெற்ற செவிலியர் 5 ஆண்டுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும். அதற்கு 150 மணி நேரத் தொடர்கல்வி தேவை. ஆண்டுக்கு 30 மணி நேரம் என்பது பெரிய சுமை இல்லை. விதியும் நல்ல விதிதான். கோளாறு மணி நேரத்தை எண்ணும் விதத்தில் இருக்கிறது. பெரும்பாலும் அது கருத்தரங்கு, பயிலரங்கு, இப்போது இணையவழி வகுப்பு என்றே முடிகிறது. காலையில் குத்துவிளக்கு, நடுவில் பவர்பாயின்ட், மதியம் சாப்பாடு, மாலையில் சான்றிதழ். எட்டு மணி நேரம் நின்றபடி வேலை பார்த்தவர் வார விடுமுறை நாளில் வந்து உட்கார்ந்தால் தூக்கம் வரத்தான் செய்யும். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை.

தொடர்கல்வியே வீண் என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. 4ஆம் வார்டு போன்ற கைப்பழக்கத்தை மட்டும் நம்பியிருப்பதும் ஆபத்து, ஏனென்றால் கைப்பழக்கத்தில் தவறும் சேர்ந்தே வரும். இருபது ஆண்டுகளுக்கு முன் படித்த நர்ஸ் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்: படுத்திருப்பவரின் முதுகில் ஸ்பிரிட் தடவித் தேய்த்து, பவுடர் போட வேண்டும், இடுப்புக்குக் கீழே காற்று வளையம் வைக்க வேண்டும். இன்றைய உலக வழிகாட்டுதல்கள் இரண்டையும் வேண்டாம் என்கின்றன. சிவந்த தோலைத் தேய்த்தால் உள்ளே நலிந்திருக்கும் திசு மேலும் சிதையும். வளையமோ தன்னைச் சுற்றியுள்ள இடத்தை அழுத்தி ரத்த ஓட்டத்தைக் குறைக்கிறது. மூக்குவழிக் குழாய் சரியான இடத்தில் இருக்கிறதா என்று காற்றைச் செலுத்தி ஸ்டெதாஸ்கோப்பில் கேட்டுப் பார்ப்பது இன்னொரு பழைய பழக்கம். அதை நம்ப வேண்டாம் என்று பிரிட்டன் 2005லேயே தன் மருத்துவமனைகளுக்கு எச்சரிக்கை அனுப்பிவிட்டது. குழாய் நுரையீரலுக்குள் போயிருந்தாலும் அந்தச் சத்தம் கேட்கும்.

இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும் என்ற விதியைக்கூட ஆராய்ந்து பார்த்துவிட்டார்கள். அமெரிக்கா, கனடாவின் முதியோர் இல்லங்களில் 942 பேரிடம் நடந்த ஆய்வு 2013இல் வெளிவந்தது. இரண்டு, மூன்று, நான்கு மணி நேர இடைவெளிகளுக்குள் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. அங்கே எல்லோரும் படுத்திருந்தது அழுத்தத்தைக் குறைக்கும் தரமான ஃபோம் மெத்தையில் என்பதை மறந்துவிடக் கூடாது. மும்பையின் தாராவியில் பத்துக்குப் பத்து அறையில், தரையில் விரித்த பாயில் படுத்திருக்கும் பாட்டிக்கு அந்த முடிவைப் பொருத்தினால் மூன்றாம் நாளே புண் வரும். ஆய்வை அறிந்திருப்பது ஒரு திறமை என்றால், அது எங்கே செல்லாது என்று அறிவது அதைவிடப் பெரிய திறமை. இரண்டாவது திறமை அரங்கில் உட்கார்ந்து வராது.

பழைய கைப்பழக்கம் போதாமல் போவதற்குக் காசநோய் இன்னும் கூர்மையான உதாரணம். தாராவிக்குப் பக்கத்திலுள்ள மாகிமின் ஹிந்துஜா மருத்துவமனையில்தான் டாக்டர் ஸரீர் உத்வாடியாவின் குழு, எந்த மருந்துக்கும் கட்டுப்படாத காசநோய் கண்ட நோயாளிகளைப் பற்றி எழுதி, 2012 தொடக்கத்தில் உலகையே திரும்பிப் பார்க்க வைத்தது. அந்தக் காலத்துச் சிகிச்சை என்றால் மாதக்கணக்கில் தினமும் ஊசி, இரண்டு ஆண்டு மாத்திரை, ஊசியால் போனால் திரும்பாத செவித்திறன். ஊசி போடத் தெரிந்தால் நர்ஸின் வேலை பாதி முடிந்தது. பிறகு பெடாகுலின் என்ற மாத்திரை வந்தது, ஊசி போயிற்று. நான்கு மருந்துகளை ஆறே மாதம் தரும் பிபிஏஎல்எம் முறையை உலக சுகாதார நிறுவனம் 2022இல் பரிந்துரைத்தது. மத்திய அரசு 2024இல் அதை ஏற்றது. நோயாளிக்குப் பெரிய விடுதலைதான். நர்ஸின் வேலையோ அடியோடு மாறிவிட்டது. ஒரு மருந்து இதயத் துடிப்பின் தாளத்தைக் குலைக்கலாம் என்பதால் ஈசிஜியில் எதைப் பார்ப்பது என்று தெரிய வேண்டும். அந்த நான்கில் இன்னொன்றான லினஸோலிட் நரம்பைத் தாக்கும், ரத்தத்தைக் குறைக்கும், பார்வையைக் கெடுக்கும். ‘பாதம் எரிகிறதா, மரத்துப் போகிறதா, கலர் சரியாகத் தெரிகிறதா’ என்று ஒவ்வொரு முறையும் கேட்டாக வேண்டும். செம்பூரை ஒட்டிய கோவண்டியிலும் தாராவியிலும் நோயாளி இதைத் தானாக வந்து சொல்லமாட்டார். கூலி போய்விடுமே என்று பாத எரிச்சலோடே வேலைக்குப் போவார். கேட்கத் தெரிந்த நர்ஸ் இருந்தால் நரம்பு தப்பிக்கும்.

சரி, இந்த நகரத்தில் நெடுநாள் நோயாளியை உண்மையில் பார்த்துக்கொள்வது யார்? மாட்டுங்காவின் பழைய தமிழ்க் குடும்பங்களில் பிள்ளைகள் அமெரிக்காவிலோ பெங்களூரிலோ இருப்பார்கள். இரண்டாம் மாடியில் எண்பது வயது அம்மாவோடு பகலுக்கு ஒருவர், இரவுக்கு ஒருவர் என்று ஏதோ ஒரு நர்சிங் பீரோ அனுப்பிய பெண் இருப்பார். தாராவியில் அந்த வசதியும் இல்லை. மருமகளோ பள்ளியை விட்ட பேத்தியோதான் நர்ஸ். மும்பையில் ஆயாவைச் சித்தி என்ற பொருளில் மௌஷி என்பார்கள், வார்டு பையனை மாமா என்பார்கள். அழைப்பில் உறவு கொண்டாடுகிற நகரம் சம்பளத்தில் அதைக் காட்டுவதில்லை. வீட்டுக்கு வரும் மௌஷிகளில் பலர் எந்தக் கவுன்சிலிலும் பதிவு பெறாதவர்கள். அவர்களுக்கு 150 மணி நேரமும் கிடையாது, ஒரு மணி நேரமும் கிடையாது. குழாய்வழிச் சிறுநீர் சேரும் பையைக் கட்டில் கம்பியில் இடுப்புக்கு மேலே தொங்கவிட்டால் சிறுநீர் திரும்பிப் போய்க் கிருமி ஏறும் என்று அவர்களுக்கு யாரும் சொல்லியிருக்கமாட்டார்கள்.

எனவே நெடுநாள் பராமரிப்பில் பதிவு பெற்ற செவிலியரின் முக்கிய வேலை கற்றுக்கொடுப்பது. வீட்டில் நோயாளியோடு அவர் இருப்பது கொஞ்ச நேரம்தான். மீதி நேரமெல்லாம் மௌஷியோ மருமகளோதான். ஆனால் மராத்தியோ தமிழோ மட்டும் தெரிந்த ஒரு பெண்ணுக்கு, அவர் மனம் நோகாமல், கையைப் பிடித்துக் கற்றுக்கொடுப்பது எப்படி என்பது தொடர்கல்விப் பட்டியலில் கண்ணில் படுவதே அரிது.

கையறிவு தொலைந்துபோவதற்கு மாட்டுங்காவை ஒட்டியே ஒரு பழைய உதாரணம் உண்டு. 1890இல் அன்றைய மாநகராட்சி ஆணையர் ஆக்வொர்த் முயற்சியில் தொடங்கிய தொழுநோயாளர் இல்லம், இன்று வடாலாவில் ஆக்வொர்த் தொழுநோய் மருத்துவமனையாக இருக்கிறது. 1980களில் கூட்டு மருந்துச் சிகிச்சை வந்து தொழுநோயை முறியடித்தது. பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையிலிருந்து அதை ஒழிக்கும் இலக்கை 2005 டிசம்பரில் இந்தியா எட்டியது. நோய்க்கெனத் தனியாக இருந்த ஊழியர்களின் வேலையைப் பொது மருத்துவமனைகளோடு இணைத்தார்கள். கிருமி போனாலும் மரத்துப்போன பாதம் அப்படியே இருக்கும். தினமும் பாதத்தை நீரில் ஊறவைத்து, தடித்த தோலைச் சுரண்டி, எண்ணெய் தடவி, செருப்புக்குள் ஆணி இருக்கிறதா என்று கையால் தடவிப் பார்க்கச் சொல்லித் தரும் அந்தப் பழைய ஊழியர்கள் ஓய்வுபெற்றுவிட்டார்கள். அந்த அறிவு அடுத்தவர் கைக்கு முறையாக ஏறவில்லை. இன்று அதே பாதம் சர்க்கரை நோயாளியின் காலாக மறுபடி வந்து நிற்கிறது.

வேறு வழிகள் இல்லாமல் இல்லை. கேரளம் 2008இல் வலிநிவாரணப் பராமரிப்புக்கென அரசுக் கொள்கையே வகுத்து, வீடு வீடாகப் போகும் நர்ஸ்களுக்குத் தனிப் பயிற்சி தந்தது. அங்கே வகுப்பறைப் பாடத்தோடு நோயாளியின் வீடும் பாடசாலை. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில், படுத்த படுக்கையாக இருப்பவர் வீட்டுக்கு வலிநிவாரணச் செவிலியரும் பிசியோதெரபிஸ்டும் போகிறார்கள். மும்பைக்கும் முன்னோடி இருக்கிறது. மரணத்தை எதிர்நோக்கும் புற்றுநோயாளிகளுக்கான இந்தியாவின் முதல் இல்லமான சாந்தி அவேத்னா சதன் 1986இல் பாந்த்ராவில்தான் தொடங்கியது. தாராவிக்குள் சயான் மருத்துவமனையின் நகர்ப்புறச் சுகாதார மையம் இருக்கிறது. அந்தப் பகுதியில் அதைச் ‘சோட்டா சயான்’ என்பார்கள். பயிற்சிக் களத்துக்கு இந்த நகரத்தில் பஞ்சமே இல்லை.

ஆளில்லாத வார்டிலிருந்து நர்ஸை எப்படிப் பயிற்சிக்கு அனுப்புவது என்று மேட்ரன்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. போதனா மருத்துவமனைகளில் மூன்று நோயாளிக்கு ஒரு நர்ஸ் என்று கவுன்சில் சொல்கிறது. பொது வார்டுக்குள் நுழைந்தால் அந்தக் கணக்கு காகிதத்தில் மட்டுமே இருப்பது தெரியும். அதனால்தான் பயிற்சியை வார்டுக்கே கொண்டுவர வேண்டும் என்று சொல்ல வேண்டியிருக்கிறது. பணி நேரத்திலேயே, நோயாளியின் கட்டிலருகே, இருபது நிமிடம். புண் பார்ப்பதில் தேர்ந்த மூத்த சிஸ்டர் நால்வருக்குச் செய்துகாட்டினால் அந்த நால்வருக்கும் மணி நேரம் கிடைக்கட்டும், அவருக்கு இரட்டிப்பாகக் கிடைக்கட்டும். இன்றைய கணக்கில் அவர் அரங்குக்கு வரவில்லை என்பதால் அவருக்கு மணி நேரம் எதுவும் சேருவதில்லை.

1947ஆம் ஆண்டு நர்சிங் கவுன்சில் சட்டத்துக்கு மாற்றாக, தேசிய செவிலியர் மற்றும் பேறுகாலப் பணியாளர் ஆணையச் சட்டம் 2023இல் நிறைவேறியது. புதிய விதிகளை எழுதும்போது மூன்று மாற்றங்களைச் செய்யலாம். 150 மணி நேரத்தில் மூன்றில் ஒரு பங்காவது நோயாளியின் கட்டிலருகிலோ வீட்டிலோ கழிய வேண்டும். வீட்டாருக்கும் மௌஷிகளுக்கும் கற்றுக்கொடுத்த நேரத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும். வீட்டுக்கு ஆள் அனுப்பும் பீரோக்கள், அனுப்புவதற்கு முன் ஒரு வாரமாவது அந்தப் பெண்ணைப் பதிவு பெற்ற செவிலியரிடம் பழக்க வேண்டும். அந்த ஒரு வாரத்துக்கும் சம்பளம் தர வேண்டும். கடைசி வரியைத்தான் பீரோக்கள் முதலில் எதிர்க்கும்.