கிளினிக் கொப்பியில் எழுதிய "இல்லை"



கொஞ்சம் நீளமான பதிவு. ஊரில் யாரும் வாய் திறக்காத விசயம் என்பதால் சுருக்கி எழுத முடியவில்லை. பொறுமையாக வாசியுங்கள்.

பாடசாலையில் படிப்பிக்கிறவர்களுக்கு ஊரில் இன்னொரு வேலையும் இருக்கிறது. இங்கிலீஷில் வந்த கடிதம், வங்கிப் படிவம், ஆஸ்பத்திரித் துண்டு எல்லாம் கடைசியில் எங்கள் வீட்டு வாசலுக்குத்தான் வரும். அப்படித்தான் இரண்டு மாதத்துக்கு முன் ஒரு பிள்ளையின் உம்மா, அஸருக்குப் பிறகு, தன் கணவரின் கிளினிக் கொப்பியோடு வந்தார். அவருக்குப் பாரிசவாதம் வந்து ஒன்பது மாதம். இடது கையை இன்னும் முழுசாகத் தூக்க ஏலாது. இருதயம் ஒழுங்கில்லாமல் துடித்ததால் இரத்தக்கட்டி உண்டாகி மூளைக்குப் போயிருக்கிறது. திரும்பவும் கட்டி வராமல் இருக்க வார்பரின் கொடுத்திருக்கிறார்கள்.

"டீச்சர், இதில டொக்டர் என்ன எழுதியிருக்கார்? ஒருமுறை குளிசையக் கூட்டுறார், அடுத்தமுறை குறைக்கிறார். என்னமோ பிழைக்குது."

கொப்பியைப் புரட்டினோம். வார்பரின் குடிப்பவர்களுக்கு ஐ.என்.ஆர். என்று ஒரு இரத்தப் பரிசோதனை செய்வார்கள். இவரைப் போன்ற நோயாளிக்கு அது 2க்கும் 3க்கும் இடையில் நிற்க வேண்டும். குறைந்தால் கட்டி வரலாம், கூடினால் இரத்தம் கசியலாம். இவருக்கோ ஒரு மாதம் 1.4, அடுத்தது 3.9, பிறகு 1.6, அதற்கடுத்தது 5க்கு மேல். டொக்டர் பாவம், ஓரத்தில் கேள்விகளாக எழுதி வைத்திருக்கிறார். கீரை கூடச் சாப்பிடுகிறாரா? நாட்டு மருந்து எடுக்கிறாரா? வேறு குளிசை உண்டா? எல்லாவற்றுக்கும் இல்லை. முதல் பக்கத்தின் மேலே, வோட்டில் சேர்த்த அன்று எழுதியது: அல்கஹோல், இல்லை.

"இவர் குடிக்கிறதில்ல எண்டு எழுதியிருக்கு" என்றோம்.

அவர் நிலத்தைப் பார்த்தார். "அப்படித்தான் சொல்லிட்டம் டீச்சர்."

(அவரும் கணவரும் சம்மதித்த பிறகுதான் இதை எழுதுகிறோம். ஆளை அடையாளம் காட்டக்கூடிய சிலதை மாற்றியிருக்கிறோம். யாரென்று தேட வேண்டாம்.)

வோட்டில் அந்தக் கேள்வி கேட்கப்பட்டபோது கட்டிலைச் சுற்றி யார் யார் நின்றார்கள் என்று யோசித்துப் பாருங்கள். காக்கா, மச்சான், பள்ளி நிர்வாகத்தில் இருக்கும் ஒருவர், பக்கத்து வீட்டார். சிங்களத்தில் கேட்ட டொக்டருக்குத் தமிழில் சொல்லிக் கொடுத்த நேர்ஸும் நம்ம ஊர்தான். அத்தனை பேரும் அறிந்த விசயம். அத்தனை பேரும் வாயை மூடிக்கொண்டு "இல்லை" என்றார்கள். முஸ்லிம் பெயரைப் பார்த்ததும் டொக்டரும் இரண்டாம் தரம் கேட்கவில்லை.

அந்த ஒரு சொல்லின் மேல்தான் ஒன்பது மாத வைத்தியம் நடந்திருக்கிறது.

நமக்கு விளங்கிய வரைக்கும் எழுதுகிறோம். ஒரேயடியாக அதிகம் குடித்தால், ஈரல் வார்பரினைக் கழிப்பதை விட்டுவிட்டு மதுவைக் கழிக்கப் போய்விடும். இரத்தத்தில் மருந்து கூடி ஐ.என்.ஆர். ஏறும். நாள்தோறும் அதிகம் குடிக்கிறவருக்கு நேர்மாறாக, ஈரல் பழகிப்போய் மருந்தை விரைவாக எரித்துவிடும், ஐ.என்.ஆர். இறங்கும். இந்த மனிதர் இரண்டையும் மாறி மாறிச் செய்திருக்கிறார். போதாததற்கு, சாராயமும் குளிசையும் சேர்ந்தால் நஞ்சு என்று யாரோ சொன்னதைக் கேட்டு, குடிக்கிற நாளில் குளிசையை விட்டுவிட்டு மறுநாள் இரண்டாகப் போட்டிருக்கிறார். டொக்டர் இருட்டில் நின்றுகொண்டு அளவைக் கூட்டிக் குறைத்திருக்கிறார். அந்த உம்மாவோ பிழை கீரையில்தான் என்று நம்பி, வீட்டில் முருங்கை இலை ஆக்குவதையே நிறுத்தியிருக்கிறார். உண்மையில் வார்பரின் குடிப்பவர் கீரையை விடத் தேவையில்லை, ஒரே அளவாகச் சாப்பிட்டால் போதும்.

வார்பரின் மட்டுமல்ல. பாரிசவாதத்துக்குப் பிறகு பலருக்குக் கொடுக்கும் அஸ்பிரினும் குளோபிடோக்ரெலும் வயிற்றில் இரத்தம் கசிய வைக்கக்கூடியவை, மது அந்த வாய்ப்பைக் கூட்டும். மலம் தார் போலக் கறுப்பாகப் போனால் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். பிரஷர் குளிசையோடு குடித்தால் எழும்பும்போது தலை சுற்றும், ஒரு பக்கம் பலமில்லாதவர் விழுந்தால் தலைதான் அடிபடும். இரத்தம் உறையாத மருந்து குடிக்கிறவருக்குத் தலையில் அடிபட்டால் என்ன ஆகும் என்று விளக்கத் தேவையில்லை. வலிப்புக்குக் குளிசை எடுப்பவர்களுக்கு மதுவால் வலிப்பே திரும்ப வரலாம். எல்லாவற்றுக்கும் மேல், தொடர்ந்து அதிகம் குடிப்பது பிரஷரை ஏற்றும். பாரிசவாதத்துக்கு முதல் காரணமே பிரஷர்தான்.

இங்கே சிலர் கோபப்படுவீர்கள். "ஹராமை ஹராம் என்று சொல்லிவிட்டுப் போகாமல், குடிக்கிறவனுக்கு வைத்திய ஆலோசனையா?" என்று. மது ஹராம் என்பதில் நமக்குள் எந்தத் தகராறும் இல்லை. குடிக்க அனுமதி கேட்டும் யாரும் எழுதவில்லை. விடச் சொல்வதும் விட உதவி செய்வதும் ஒன்றல்ல என்பதுதான் எங்கள் கருத்து. மது குடித்துத் தண்டிக்கப்பட்ட ஒரு ஸஹாபியை ஒருவர் சபித்தபோது, அவரைச் சபிக்காதீர்கள் என்று ரஸூலுல்லாஹ் (ஸல்) அவர்கள் தடுத்த செய்தி புகாரியில் இருக்கிறது. நாமோ ஆளைச் சபிப்பதும் கிடையாது, உதவுவதும் கிடையாது, மறைத்துவிடுகிறோம். பாவத்தைப் பகிரங்கப்படுத்தக் கூடாது என்ற நல்ல ஒழுக்கம் நமக்கு உண்டு. ஆனால் வைத்தியம் செய்கிற டொக்டரிடம் தனியாகச் சொல்வது பகிரங்கப்படுத்துவதாகுமா? ஆகாது என்பதே எங்கள் விளக்கம். சந்தேகம் உள்ளவர்கள் தங்கள் ஹஸ்ரத்திடம் கேட்டுப் பாருங்கள்.

இன்னொன்று. சாதாரணமாக அதைச் சொல்லவே பயமாக இருக்கிறது, ஆனாலும் சொல்கிறோம். விசயம் வெளியே வந்தால் நம் வீடுகளில் முதலில் செய்வது, ஆளை அறையில் போட்டுப் பூட்டுவது. "மூணு நாள் கிடந்தா எல்லாம் சரி." நாள்தோறும் அதிகம் குடித்த உடம்பு திடீரென்று நிறுத்தினால் கை நடுங்கும், வியர்த்துக் கொட்டும். முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். அதற்குப் பிறகு இல்லாததைக் காண்பார், ஆளை மாறிப் பேசுவார். ஜின் பிடித்துவிட்டது என்று தண்ணீர் ஓதிக் கொடுத்து வைத்திருப்போம். ஓதுங்கள், அதைத் தடுக்கவில்லை. ஆனால் அது உயிரைக் கொண்டுபோகக்கூடிய நிலை, அதற்கு ஆஸ்பத்திரியில் மருந்து இருக்கிறது. ஏற்கெனவே மூளையில் அடிபட்டவருக்கு இன்னும் ஆபத்து. விடத்தான் வேண்டும், டொக்டரின் கண் முன்னால் விட வேண்டும். அரச ஆஸ்பத்திரிகளின் மனநலப் பிரிவில் இதற்கு இலவசமாகச் சிகிச்சை தருகிறார்கள். மனநலப் பிரிவு என்றதும் "பைத்தியமா" என்று கேட்கிற நம் வாயையும் கொஞ்சம் பூட்டி வைக்க வேண்டும்.

பேச்சுக் குழறி, கால் தள்ளாடி ஒருவர் வீட்டுக்கு வந்தால், "இண்டைக்கும் குடிச்சிட்டு வந்துட்டார், தூங்கட்டும்" என்று விட்டுவிடுவதும் உண்டு. பாரிசவாதமும் அப்படியேதான் இருக்கும். முகம் ஒரு பக்கம் கோணுகிறதா, இரண்டு கையையும் சேர்த்துத் தூக்க முடிகிறதா, பேச்சு மாறுகிறதா என்று பாருங்கள். ஒன்று பிழைத்தாலும், மணமடித்தாலும் அடிக்காவிட்டாலும், 1990க்கு அழையுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ், காசு இல்லை. கட்டியைக் கரைக்கும் ஊசி போடுவதென்றால், தொடங்கி நாலரை மணித்தியாலத்துக்குள், ஸ்கேன் எடுத்துப் பார்த்துத்தான் போட முடியும். தூங்கட்டும் என்று விட்ட இரவில் அந்த நேரம் போய்விடும்.

அந்த உம்மாவிடம் திரும்பி வருவோம். டொக்டரிடம் வாயால் சொல்ல வெட்கம் என்றார், கிளினிக்கில் ஊர்ச் சனம் வரிசையாக இருக்கும். கணவரிடம் பேசிவிட்டு வரச் சொன்னோம். மறுநாள் அவரும் கூடவே வந்தார். தலை குனிந்து இருந்தாலும், எத்தனை நாள், என்ன, எவ்வளவு என்று அவரே சொன்னார். குளிசை விட்ட நாட்களையும் இரட்டிப்பாகப் போட்டதையும் சேர்த்து இங்கிலீஷில் நாலு வரி எழுதி, மடித்து, கொப்பிக்குள் வைத்துக் கொடுத்தோம்.

டொக்டர் வாசித்துவிட்டு ஏசவில்லையாம். சத்தமாக ஒன்றும் கேட்கவும் இல்லை. குளிசை அளவை அன்று மாற்றாமல், ஒரு கிழமையில் திரும்ப இரத்தம் பார்க்கச் சொல்லி, மனநலப் பிரிவுக்கு ஒரு துண்டு கொடுத்திருக்கிறார். வார்பரினை ஒரு நாளும் விடக்கூடாது, மறந்தால் மறுநாள் இரட்டிப்பாகப் போடவும் கூடாது என்று இரண்டு முறை சொன்னாராம்.

அவர் முழுசாக விட்டுவிட்டாரா? இல்லை. போன மாதம் இரண்டு தடவை தவறியிருக்கிறார். இரண்டையும் அடுத்த கிளினிக்கில் அவரே சொல்லியிருக்கிறார். பள்ளி வாசலில் அவரைக் கண்டால் ஸலாம் சொல்லி இடம் விட்டுக் கொடுங்கள், கதை கேட்காதீர்கள்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு கொப்பி இருந்தால், முதல் பக்கத்தை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். எழுதித் தர ஆள் வேண்டுமென்றால் அஸருக்குப் பிறகு நாங்கள் வீட்டில்தான் இருப்போம்.