விருப்பம் என்னும் பெயரில் ஒரு கட்டாயம்

கணனியியற் பாடநூல்களில், மொடியூல் எனப்படும் ஏற்றத்தக்க கூறுகளின் பெருமை தவறாது பேசப்படுவதுண்டு. பணிசெயல் முறைமையின் மையமாகிய கரு, தான் ஆளவேண்டிய வன்பொருள்கள் அனைத்துக்குமான செலுத்திகளைத் தன்னுள்ளே சுமந்திருக்கத் தேவையில்லை. எந்தச் சாதனம் பொறியிலே உண்டோ அதற்குரிய செலுத்தி வேண்டும்போது ஏற்றப்படும், வேண்டாதபோது இறக்கப்படும் என்பதே அப்பெருமையின் சாரம். லினக்ஸ் கரு 1990களின் நடுப்பகுதி முதல் இவ்வாக்குறுதியை வழங்கி வந்துள்ளது. அது எவ்வளவு தூரம் காப்பாற்றப்படுகின்றது என்பதை, ஒரு செலுத்தி இன்னொன்றில் தங்கிநிற்கும் இடங்களை வைத்தே அளவிடுதல் வேண்டும். அங்ஙனம் அளந்து பார்ப்பின், விருப்பம் என்று பெயர் சூட்டப்பட்டவற்றுட் பல நடைமுறையிற் கட்டாயமாகவே இருத்தல் புலனாகும்.

1. இருவகைத் தங்குநிலை

ஒரு கூறு இன்னொரு கூறின்றி இயங்கவே மாட்டாதாயின் அது கட்டாயத் தங்குநிலை. இதிற் சிக்கல் ஏதுமில்லை. முதற்கூறு தனக்கு வேண்டிய குறியீடுகளைப் பெயர் சொல்லிக் கேட்கும். இரண்டாவது அவற்றை வெளியிடும். டெப்மொட் என்னும் நிரல் கூறுகள் அனைத்தையும் ஆராய்ந்து, எது எதிலே தங்கியுள்ளது என்று ஓர் அட்டவணை எழுதிவைக்கும். மொட்புறோப் என்னும் நிரல் அவ்வட்டவணையைப் பார்த்து, வேண்டியவற்றை முறைப்படி ஏற்றும். கேட்ட குறியீடு கிடைக்காவிடின், அறியப்படாத குறியீடு என்று கூறிக் கரு அக்கூறினை ஏற்க மறுத்துவிடும். இம்மறுப்பு நியாயமானது.

விருப்பத் தங்குநிலை இதனின்று வேறானது. இங்கே முதற்கூறு, மற்றது இருப்பின் அதன் உதவியைப் பெறும். இல்லையெனினும் தன் முதன்மைத் தொழிலைக் குறைவின்றிச் செய்யும். வலையமைப்பு அட்டைகளின் செலுத்திகளும், ஐ.ஈ.ஈ.ஈ. 1588 நியமத்தின்படி பொறிகளின் மணிக்கூடுகளை ஒன்றோடொன்று இசைவிக்கும் பி.ரி.பி. என்னும் கூறும் கொண்டுள்ள உறவு இதற்குத் தக்க எடுத்துக்காட்டாகும். அந்நியமம் முதன்முதல் 2002ஆம் ஆண்டில் வெளியிடப்பட்டது. தொலைத்தொடர்பு நிலையங்களுக்கும் அளவையியல் ஆய்வுகூடங்களுக்கும் மைக்கிரோ செக்கனுக்கும் குறைந்த நுட்பம் தேவைப்படலாம். வீட்டிலே மின்னஞ்சல் வாசிக்கும் ஒருவருக்கு அது எவ்வகையிலும் தேவையன்று. அட்டையோ இருவருக்கும் ஒன்றே, செலுத்தியும் ஒன்றே.

2. ஒன்பதாவது சேர்க்கை

லினக்ஸ் கருவைத் தொகுப்பவர் ஒவ்வொரு கூறு குறித்தும் மூன்று நிலைகளுள் ஒன்றைத் தெரிவு செய்கின்றார்: கருவுக்குள்ளேயே பிணைத்தல், தனிக்கூறாக ஆக்குதல், முற்றாக விலக்குதல். ஆகவே ஒரு செலுத்தியும் அது விரும்பும் கூறும் சேர்ந்து ஒன்பது சேர்க்கைகளைத் தரும். இவற்றுள் எட்டு இடையூறின்றி அமையும். செலுத்தி கருவுக்குள் பிணைக்கப்பட்டு, அது விரும்பும் கூறு தனியே நிற்கும் ஒன்பதாவது சேர்க்கையே தொல்லை தருவது. கருவின் உருவம் ஆக்கப்படும் வேளையில், பின்னர் ஏற்றப்படவுள்ள ஒன்றின் முகவரி எவ்விடத்தும் இல்லை. எனவே இணைப்பு முறிகின்றது.

இவ்வொன்றைத் தவிர்ப்பதற்குச் செலவிடப்பட்ட முயற்சி சிறிதன்று. 2017ஆம் ஆண்டு பெப்ரவரியில் வெளிவந்த 4.10ஆம் பதிப்பில் இம்பிளை என்னும் புதுச் சொல் உள்ளமைவு மொழியிற் சேர்க்கப்பட்டது. பி.ரி.பி. உறவை விருப்பமாக்குவதே அதன் உடனடி நோக்கம். 2020இல் அச்சொல்லின் பொருள் தளர்த்தப்பட்டது. அதன் பயனாக, முன்பு தடுக்கப்பட்டிருந்த ஒன்பதாவது சேர்க்கை மீளவும் தலைகாட்டியது. 2021இல் ஈதர்நெற் செலுத்திகள் பலவற்றிலிருந்து இம்பிளை நீக்கப்பட்டு, "அக்கூறு உண்டாயின் அதற்கேற்ப, இல்லையாயினும் தடையில்லை" என்னும் பொருள்தரும் தனி உள்ளமைவுக் குறியொன்று அதனிடத்தில் அமர்த்தப்பட்டது. இதனோடு சிக்கல் தீர்ந்தது என்று கருதுவோர் பலர். தொகுப்பு முறியாதிருத்தலையே தீர்வென்று கொள்வோரின் கருத்து அது. தொகுக்கப்பட்ட கரு பயனாளரின் கையை அடைந்தபின் நிகழ்வது யாது என்பதை அவர்கள் வினவுவதில்லை.

3. தெரிவு யாருடையது?

பெரும்பாலான பயனாளர்கள் தம் கருவைத் தாமே தொகுப்பதில்லை. டெபியன் முதலான வழங்கல்களே அவர்களுக்காகத் தொகுக்கின்றன. எவருடைய பொறியில் எச்சாதனம் இருக்குமென்று வழங்கலாளர் முன்கூட்டி அறியார். ஆதலால் இயன்றன அனைத்தையும் ஆக்கி வைக்கின்றனர். செலுத்தியும் தனிக்கூறு, அது விரும்பும் பி.ரி.பி.யும் தனிக்கூறு. தொகுப்பு முறியாத எட்டுச் சேர்க்கைகளுள் இதுவும் ஒன்று. ஆயின், வேறு ஒழுங்கு எதுவும் செய்யப்படாவிடின், இந்நிலையிலேதான் விருப்பம் கட்டாயமாக உருமாறுகின்றது. தொகுக்கும் வேளையில் பி.ரி.பி. இருந்தமையால், செலுத்தி அதன் குறியீட்டை நேரடியாகக் கேட்கின்றது. டெப்மொட் அதனைக் கட்டாயத் தங்குநிலையாகவே எழுதிக்கொள்கின்றது. இன்ரெலின் ஈ1000ஈ செலுத்தியை ஏற்றிய டெபியன் பொறிகளிலே பி.ரி.பி.யும், அது தங்கியுள்ள பி.பி.எஸ். கூறும் கூடவே ஏறி அமர்ந்திருத்தலைக் காணலாம். வேறு சில வழங்கல்கள் பி.ரி.பி.யைக் கருவுக்குள்ளேயே பிணைத்துவிடுகின்றன. அங்கு இறக்குவதற்கும் வழியில்லை.

தமக்கு வேண்டாத கூறொன்றைத் தடுக்க விழையும் ஒரு நிருவாகியின் நிலை இவ்விடத்துக் கருதற்பாலது. அவர் அக்கூறினைத் தடைப்பட்டியலிற் சேர்ப்பின் பயனில்லை. தடைப்பட்டியல் சாதனத்தின் பெயரால் தானாக ஏற்றப்படுவதையே நிறுத்தும். பிறிதொரு கூறின் தங்குநிலையாக ஏற்றப்படுவதை நிறுத்தாது. கடுமையான வழியை நாடி, அக்கூறு எவ்வாற்றானும் ஏற்றப்படாதவாறு மொட்புறோப்புக்குக் கட்டளையிடுவாராயின், செலுத்தியும் ஏறாது, வலையமைப்பே அற்றுப்போகும். மணிக்கூட்டை வேண்டாமென்றவர் வலையமைப்பையும் இழக்கின்றார்.

இதில் வியப்புக்குரியது மற்றொன்று. பி.ரி.பி. விலக்கப்பட்ட கருவிற் செலுத்தி பதிவு கேட்கும்போது வெறுமையே விடையாகக் கிடைக்கும். அவ்விடையைப் பெற்ற செலுத்தி, மணிக்கூடு இல்லையெனக் கொண்டு தன் வேலையைத் தொடரும். அதாவது, அக்கூறின்றி வாழும் வகையைச் செலுத்தி முன்னரே அறிந்திருக்கின்றது. அதற்கான வரிகள் எழுதப்பட்டும் உள்ளன. எனினும் ஏற்றும் வேளையில் அவ்வறிவுக்கு இடமளிக்கப்படவில்லை. தெரிவு தொகுப்பவருக்கே உரியது, பயன்படுத்துபவருக்கு உரியதன்று என்று வகுத்துவிட்டு, அதனை விருப்பம் என்று அழைப்பது சொல்லுக்கும் பொருளுக்கும் இழைக்கப்படும் அநீதியாகும்.

4. மூன்று தவறான வழிகள்

இச்சிக்கலிலிருந்து தப்புவதற்கு மூன்று குறுக்குவழிகள் கையாளப்பட்டுள்ளன. மூன்றும் கண்டிக்கத்தக்கவை.

முதலாவது, மௌனமாகக் கைவிடுதல். 2015இல் ஊடகச் செலுத்திகளின் தேவைக்காக ஈஸ் ரீச்சபிள் என்னும் சோதனை அறிமுகமாயிற்று. விரும்பப்படும் கூறு எட்டக்கூடிய நிலையில் இல்லையெனில், அதற்குரிய பகுதியைத் தொகுப்பின்போதே விலக்கிவிடும் சோதனை அது. ஒன்பதாவது சேர்க்கையில் இணைப்பு முறிவதில்லை, எச்சரிக்கையும் இல்லை. இரு கூறுகளையும் வேண்டுமென்று குறித்த ஒருவர், இரண்டும் தம் பொறியில் இருப்பதைக் காண்பார். அவை ஒன்றோடொன்று பேசாதிருப்பதையும் காண்பார். காரணம் மட்டும் எங்கும் எழுதப்பட்டிராது. முறிந்த இணைப்பாவது பிழை இதுவென்று சொல்லும். மௌனம் எதனையும் சொல்லாது.

இரண்டாவது, அறிவிக்காமலே தேடிக்கொள்ளுதல். சில கூறுகள் தமக்கு வேண்டியதைக் குறியீட்டினாற் கேளாது, ஓடும் வேளையில் ஒரு பெயரைச் சொல்லித் தேடுகின்றன. இத்தேடல் டெப்மொட்டின் கண்ணிற் படாது. 2018இல் ஈ.எக்ஸ்.ரி.4 கோப்பு முறைமை, சி.ஆர்.சி.32சி என்னும் சரிபார்ப்புக் கூறினை எப்போதும் பெயரால் வேண்டிநிற்கலாயிற்று. பொறி தொடங்கும்போது பயன்படும் சிறு கோப்புத்தொகுதியை ஆக்கும் நிரல்கள் அதனை அறிய வழியில்லை. அத்தொகுதியில் அக்கூறு இடம்பெறாது போயின் மூலக் கோப்பு முறைமையைத் திறக்க இயலாது. பொறி தொடங்கவே மாட்டாது. அதே ஆண்டில், மென் தங்குநிலை என்னும் அறிவிப்பு அக்கோப்பு முறைமையிற் சேர்க்கப்பட்டது. 2013 முதலே கைவசம் இருந்த அவ்வறிவிப்பு, இடருக்குப் பின்னரே நினைவுக்கு வந்தது. மென் தங்குநிலைக்கும் ஒரு குறையுண்டு: மொட்புறோப் அதனைக் கண்டதும் ஏற்றவே முயலும். "தேவைப்படலாம், ஆயின் இப்போது ஏற்றவேண்டா, தொடக்கத் தொகுதியில் மட்டும் வைத்திருக்க" என்று கூறும் வலுக்குறைந்த தங்குநிலை 2024இலேயே வந்து சேர்ந்தது. இத்துணை எளிய கூற்றைச் சொல்வதற்கு இத்துணை ஆண்டுகள் சென்றமை, அறிவிப்பின் அருமையை எழுதுவோர் உணராதிருந்தமைக்குச் சான்றாகும்.

மூன்றாவது, ஓடும் வேளையிற் குறியீட்டைப் பறித்துக்கொள்ளுதல். 2013இல் வெளிவந்த இன்ரெலின் ஹஸ்வெல் செயலிகளில், எச்.டி.எம்.ஐ. வழியாக ஒலியை அனுப்பும் பகுதிக்கான மின்வலு, காட்சிச் செலுத்தியாகிய ஐ915இன் ஆளுகையில் இருந்தது. ஒலிச் செலுத்தியோ பல உற்பத்தியாளரின் வன்பொருள்களுக்கும் பொதுவானது. அது ஐ915ஐக் கட்டாயமாகக் கேட்குமாயின், ஏ.எம்.டி. காட்சி அட்டையுள்ள பொறியிலும் இன்ரெலின் காட்சிச் செலுத்தி ஏறவேண்டியிருக்கும். ஆகவே சிம்பல் கெற் வகையைச் சேர்ந்த ஒரு வழியால், குறியீட்டை ஓடும் வேளையிலே தேடிப்பிடித்தனர். இவ்வழியிற் பிடித்த கூறு, பிடித்தவர் விடும்வரை இறங்க மாட்டாது. கூறு எப்போது வரும், எப்போது போகும் என்பதையும் பிடிப்பவரே கணித்துக்கொள்ள வேண்டும். 2023இல் இவ்வழி, ஜி.பி.எல். உரிமத்துக்கென ஒதுக்கப்பட்ட குறியீடுகளோடு மட்டுப்படுத்தப்பட்டது. வாயிலிலே வைத்த காவலைச் சுற்றிச் செல்லும் சந்தாக இது பயன்பட்டமையே காரணம்.

5. இருக்கின்ற நேர்வழி

நேர்வழி இல்லாமல் இல்லை. 2014இல் வெளிவந்த 3.14ஆம் பதிப்பிற் கொம்பொனன்ற் என்னும் கட்டமைப்பு இடம்பெற்றது. 2015இல் மேற்சொன்ன ஒலி, காட்சி உறவும் அதற்கு மாற்றப்பட்டது. இதன் தத்துவம் எளிது. இருதரப்பும் ஒன்றையொன்று தேடுவதில்லை. இரண்டும் பொதுவான நடுவர் ஒருவரிடம் தத்தம் வருகையைப் பதிகின்றன. இரண்டும் வந்தபின் நடுவர் அவற்றைப் பிணைக்கின்றார். ஒன்று போகும்போது மற்றதற்கு அறிவிக்கின்றார். நடுவர் கருவுக்குள்ளேயே இருப்பதனால் ஒன்பது சேர்க்கைகளும் இணங்குகின்றன.

இவ்வழியிலும் ஒரு வினா எஞ்சுகின்றது: வராத ஒன்றுக்காக எவ்வளவு நேரம் காத்திருப்பது? அவ்வொலிச் செலுத்தி சில ஆண்டுகளாக 60 செக்கன்கள் வரை காத்திருந்தது. 2012 முதற் பொதுவழக்கான பின்தள்ளும் முறையும் "பிறகு மீண்டும் கேள்" என்றே சொல்லும். இன்னும் வரவில்லை என்பதற்கும் ஒருபோதும் வராது என்பதற்கும் உள்ள வேறுபாட்டை அது அறியாது. இவ்வேறுபாட்டை எழுத்திலே அறிவிக்கப்பட்ட தங்குநிலை ஒன்றே தரவல்லது. ஆதலால் நடுவரும் வேண்டும், அறிவிப்பும் வேண்டும்.

6. எதிர்வாதங்கள்

இதற்கு எதிராக மூன்று வாதங்கள் எழுப்பப்படலாம். பி.ரி.பி. போன்றவை மிகச் சிறியன, நினைவகமோ மலிந்துவிட்டது, ஆகவே ஏறினால் என்ன என்பது முதல்வாதம். ஒரு கூறின் சுமை அதன் அளவினால் மட்டும் அமைவதன்று. ஏற்றப்படும் ஒவ்வொரு வரியும் கருவின் முழு அதிகாரத்தோடு இயங்குவது. அதிலுள்ள பிழை முழுப் பொறியின் பிழையாகும். மேலும், சிறியதற்குப் பொறுத்துக்கொண்ட நியதி பெரியதற்கும் நியதியாகிவிடும்.

நடுவர் வழியான மறைமுக அழைப்பு வேகத்தைக் குறைக்கும் என்பது இரண்டாவது. 2018இல் ஸ்பெக்ரர் குறைபாடு வெளிப்பட்டபின் மறைமுக அழைப்புகள் செலவு மிக்கவையாயின என்பது உண்மையே. எனினும் விருப்பத் தங்குநிலைகளிற் பெரும்பாலானவை, சாதனம் தொடங்கும்போது ஓரிருமுறை நிகழும் பதிவுகளே. ஒவ்வொரு பொதிக்கும் நிகழ்வன அல்ல. அங்ஙனம் நிகழ்வனவற்றுக்கு, ஓடும் வேளையில் நேரடி அழைப்பாகத் திருத்தியமைக்கும் வசதியும் 2020 முதல் உண்டு.

மூன்றாவது வாதமே கனமானது: கூறுகள் எவ்வேளையிலும் வந்துபோகலாம் எனின், ஒன்று இறங்கிக்கொண்டிருக்கும் அதே கணத்தில் மற்றது அதனை அழைக்கக்கூடும், இதனைப் பிழையின்றி எழுதுதல் அரிது. இது மறுக்கவொண்ணாத உண்மை. ஆயின் அரியது என்பதனாலேயே அப்பணி ஒவ்வொரு செலுத்தி எழுத்தாளரின் தலையிலும் தனித்தனியே சுமத்தப்படலாகாது. பொதுவான நடுவரிடத்தில் ஒருமுறை செவ்வையாக எழுதப்படின், அனைவரும் அதனைப் பயன்படுத்தலாம்.

எனவே விருப்பத் தங்குநிலை என்று கூறப்படும் எதுவும் மூன்று கடமைகளை நிறைவேற்றல் வேண்டும். அது கருவிகள் வாசிக்கத்தக்க வகையிற் கூறிலேயே அறிவிக்கப்படல் வேண்டும். அது தொகுப்பின்போதன்றி, ஓடும் வேளையிற் பிணைக்கப்படல் வேண்டும். பிணைப்பு நிகழாதவிடத்து அதுவும், அதன் காரணமும் பதிவேட்டில் எழுதப்படல் வேண்டும். இம்மூன்றுக்கும் வேண்டிய கருவிகள் லினக்ஸ் கருவிலே ஏற்கெனவே சிதறிக்கிடக்கின்றன. அவற்றை ஒன்றுசேர்த்து நியதியாக்குவது கருவைப் பேணுவோரின் பொறுப்பு. அந்நியதி வரும்வரை, உள்ளமைவுக் கோப்பில் விருப்பம் என்று குறிக்கப்பட்டிருப்பதைப் பயனாளரின் விருப்பம் என்று எவரும் மயங்குதல் கூடாது.