பிசினஸ்னா அப்படித்தானா?

பெரிய கம்பெனி ஒண்ணு சின்ன கேம் ஸ்டுடியோவை வாங்கினதும் ரசிகன் புலம்புவான். உடனே நம்மாளுங்க சிலர், "உங்கப்பன் வீட்டுச் சொத்தா? பிசினஸ்னா அப்படித்தான்"னு நக்கலடிக்க வந்துடுவாங்க. அவங்களுக்குத்தான் இந்தப் பதிவு.

புலம்பக் காரணம் இருக்கு சாமி. 'கமாண்ட் அண்ட் கான்கர்' தந்த வெஸ்ட்வுட்டை 1998ல ஈஏ வாங்குச்சு, 2003ல மூடிடுச்சு. 'ஹை-ஃபை ரஷ்' செஞ்ச டாங்கோவை, அந்த கேம் பாஃப்டா விருது வாங்கின அடுத்த மாசமே, 2024 மே மாசம், மூடப்போறதா மைக்ரோசாஃப்ட் அறிவிச்சது. கிராஃப்டன் வந்து கைகொடுத்ததால பிழைச்சது.

நல்லா வேலை செஞ்சா போதும்ங்கிறீங்களா? பெங்களூர் துருவாவைப் பாருங்க. 1997ல ஆரம்பிச்சு, வெளிநாட்டுப் பெரிய கேம்களுக்கு ஆர்ட் வேலை செஞ்சவங்க. ஸ்வீடன் ஸ்டார்ப்ரீஸ் வாங்குச்சு. அந்தக் கம்பெனிக்கே பணமுடை வந்ததும், 2019ல 79 லட்சம் டாலருக்கு ராக்ஸ்டார் கிட்ட வித்துடுச்சு. பெரிய இடம்தான், ஒத்துக்கறேன். ஆனா துருவாங்கிற பேரு? எங்க ஆம்பூர்ப் பக்கம் தைக்கிற ஷூ கதைதான்: உழைப்பு இங்க, முத்திரை அங்க.

மோஜாங்கைக் காட்டாதீங்க. மைக்ரோசாஃப்ட் 2014ல 250 கோடி டாலர் கொடுத்து வாங்கின மைன்கிராஃப்ட் இன்னும் ஓடுது, சரி. பொன்முட்டை போடுற வாத்தை யாரு அறுப்பா? கவலை மத்த வாத்துங்களைப் பத்தி.

ஸ்டுடியோவுக்கு அந்த விலை வந்ததே நாம காசு கொடுத்து விளையாடினதாலதான். சர்வர் எத்தனை வருஷம் ஓடும், பழைய கேம் கடையில கிடைக்குமான்னு கேக்க நமக்கு உரிமை இருக்கு. கேப்போம் மக்களே.