அடுத்தது சப் வூபர் இல்லை, சென்டர் ஸ்பீக்கர்



லீவில் வந்து நிற்கிற எங்கள் பழைய மாணவர்கள் இப்போது அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று: "சேர், அம்ப் ஒண்டும் முன்னுக்கு வைக்கிற ரெண்டு ஸ்பீக்கரும் எடுத்திட்டன். ஹோம் தியேட்டருக்கு அடுத்தது எத வாங்குற?" கேட்டு முடிக்குமுன் பதிலையும் அவர்களே சொல்லிவிடுவார்கள். சப் வூபராம். கட்டாரில் கூட்டாளியின் அறையில் நெஞ்சு அதிரக் கேட்டது மனதில் நிற்கிறது.

நாங்கள் இல்லை என்கிறோம். நாங்கள் என்றால் வீட்டில் நாங்கள் இருவரும், பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிக்கிற இன்னும் இரண்டு நண்பர்களும். பல நாள் பின்னேரம் பிளேன்ரீயோடு இதைப் பேசித் தீர்த்தவர்கள். எங்கள் ஊர் வீடுகளுக்கு மூன்றாவதாக வர வேண்டியது சென்டர் ஸ்பீக்கர், அதாவது ரீவிக்கு நேர் கீழே நடுவில் வைக்கிற, பேச்சுக்கென்றே உள்ள பெட்டி.

இது எங்களுக்கு விளங்கியது உம்மாவால். வயது எழுபது தாண்டிவிட்டது. முன்பு இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு ஹோலில் எல்லோருடனும் இருந்து படம் பார்ப்பா. பிறகு "என்னவாம் சொல்றான்?" என்று கேட்கத் தொடங்கினா. பிள்ளைகள் ஒருதரம் சொல்வார்கள், இரண்டுதரம் சொல்வார்கள், மூன்றாம்தரம் "பொறுங்க உம்மும்மா" என்பார்கள். கொஞ்ச நாளில் கேட்பதை விட்டா. பிறகு ஹோலுக்கு வருவதையும் விட்டா. தூக்கம் வருகுது என்று அறைக்குள் போய்விடுவா. தூக்கமில்லை என்று எங்களுக்குத் தெரியும். நாங்கள் செய்த வைத்தியம் சத்தத்தைக் கூட்டியது. கூட்டினால் அடிதடியும் இசையும்தான் கூடின. பேச்சு அதே இடத்தில் கிடந்தது.

வயது போனால் காது முதலில் இழப்பது உயர்ந்த அதிர்வெண்களை. பேச்சின் பலம், அந்தத் தடித்த பகுதி, தாழ்ந்த அதிர்வெண்ணில் இருக்கிறது. ஆனால் ஒரு சொல்லை இன்னொரு சொல்லில் இருந்து பிரித்துக் காட்டுகிற ச, த, ப, ஸ போன்ற ஒலிகளின் கூர்மை பெரும்பாலும் 2000 ஹேர்ட்ஸுக்கு மேலே இருக்கிறது. அதனால்தான் உம்மாவுக்கு ஆள் பேசுவது கேட்கிறது, என்ன பேசுகிறான் என்பது பிடிபடுவதில்லை. இந்தக் குறைக்கு சப் வூபர் என்ன செய்யும்? அது வேலை செய்வது வழமையாக 80 ஹேர்ட்ஸுக்குக் கீழே. பேச்சுக்கு அங்கே இடமே இல்லை.

5.1 என்று எழுதிய ஒலிப்பதிவில் பேச்சின் பெரும்பகுதி நடு அலைவரிசையில் தனியாக வருகிறது. நடுவில் பெட்டி இல்லாவிட்டால் அம்ப் அதை இடது, வலது இரண்டுக்கும் பிரித்துக் கொடுக்கும். சரியாக நடுவில் ஒருவர் இருந்தால் பேச்சு ரீவியில் இருந்து வருவதுபோலவே கேட்கும். ஒரு ஆள் தனியாகப் பார்க்கிற வீட்டுக்கு அது போதும், சென்டர் தேவையில்லை, காசை மிச்சம் பிடிக்கலாம். எங்கள் ஹோலில் அப்படியா? பாயில் நாலு பேர், செற்றியில் மூன்று பேர், வாசல் படியில் ஒருவர். ஓரத்தில் இருப்பவருக்குப் பக்கத்துப் பெட்டிதான் கேட்கும். படத்தில் இருப்பவன் நடுவில் நின்று வாயசைக்கிறான், பேச்சு அலுமாரிப் பக்கத்தால் வருகிறது.

இது புதிய கண்டுபிடிப்பும் இல்லை. 1933இல் அமெரிக்காவில் பெல் ஆய்வுகூடத்தினர் பிலடெல்பியாவில் இருந்த இசைக்குழுவின் வாசிப்பை வாஷிங்டன் மண்டபம் ஒன்றில் இருந்தவர்களுக்குக் கேட்கச் செய்தார்கள். மேடையில் அவர்கள் வைத்தது இரண்டு ஒலிபெருக்கி அல்ல, மூன்று. இடது, நடு, வலது. ஆட்கள் அகலமாகப் பரந்து இருக்கும் இடத்துக்கு இரண்டு போதாது என்பது அப்போதே தெரிந்திருந்தது.

இனி மதிலுக்கு அந்தப் பக்கம். இலங்கையில் ஆட்கள் மிக நெருக்கமாக வாழும் ஊர்களில் எங்கள் காத்தான்குடியும் ஒன்று. இங்கே எத்தனை வீடுகளுக்கு நாலு பக்கமும் வளவு இருக்கிறது? எங்கள் குசினிச் சுவருக்கு அப்பால் பக்கத்து வீட்டுக் கட்டில். 40 ஹேர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் எட்டரை மீற்றர். கல் அடுக்கிப் பூசிய சுவர் பேச்சுச் சத்தத்தை ஓரளவு தடுக்கும், இதைத் தடுக்காது. சுவரே சேர்ந்து அதிரும். வாவியோரத்தில் பிறந்த எங்களுக்கு இது புதினமா? கல்லடிப் பாலத்தடியில் மீன் பாடுவதைக் கேட்கப் போகிறவர்கள் துடுப்பைத் தண்ணீரில் விட்டு மறு நுனியைக் காதில் வைப்பார்கள். 1848இல் இங்கே வந்த எமர்சன் டெனன்ட், தோணியின் பலகையில் காதை வைத்தபோது அந்த ஒலி பெருகிக் கேட்டதாக எழுதியிருக்கிறார். காற்றில் கேட்காததை மரம் கொண்டுவந்து தருகிறது. பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு எங்கள் சுவரும் அந்தப் பலகைதான். வித்தியாசம், அவள் காது கொடுக்கப் போனவள் இல்லை. ஓஎல் சோதனைக்குப் படித்துவிட்டுப் படுத்தவள்.

2007 நவம்பரில் வெலிகமை பள்ளிவாசல் ஒன்றின் ஒலிபெருக்கி தொடர்பான வழக்கில் உயர் நீதிமன்றம், இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கிக்கு அனுமதி வழங்கக்கூடாது என்றது. விரும்பாதவனைக் கட்டிவைத்துக் கேட்கச் செய்ய முடியாது என்பது அதன் சாரம். அந்தத் தீர்ப்பில் மனம் நொந்த எங்கள் ஆட்களில் சிலர் இன்று வீட்டு ஹோலில் செய்வதைப் பார்த்தால் சிரிப்பதா அழுவதா தெரியவில்லை.

சப் வூபர் வேண்டும் என்கிற தம்பிமாரின் பக்கமும் நியாயம் உண்டு. ஐந்து அங்குலக் கோன் உள்ள சின்னப் பெட்டிகளால் அடிநாதம் தர முடியாது. சப் வூபர் வந்தால் படம் பெரிதாகிறது, மறுக்கவில்லை. அக்கம்பக்கம் தள்ளி, வளவோடு இருக்கும் வீடென்றால் சென்டருக்கு அடுத்ததாக அதையே வாங்கலாம். அப்போதும் மூலைக்குள் தள்ள வேண்டாம், மூலை அடிநாதத்தைப் பெருக்கும். பின்னுக்கு வைக்கிற இரண்டு ஸ்பீக்கர் பற்றிக் கேட்கவே வேண்டாம். எங்கள் ஹோல்களில் பாதிக்குப் பின்சுவரே இல்லை, நேரே குசினிதான்.

காசைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2022 மார்ச் தொடக்கத்தில் டொலர் 200 ரூபா அளவில் நின்றது, மே மாதம் 360ஐத் தொட்டது. அதற்குப் பிறகு வெளிநாட்டுச் சாமானின் விலை பழைய இடத்துக்கு வரவில்லை. பிழையாக ஒன்றை வாங்கிவிட்டு இன்னொன்று வாங்கலாம் என்ற காலம் போய்விட்டது. அதனால் கடைக்குப் போகுமுன் அம்பின் செற்றிங்கில் 'நைட் மோட்' இருக்கிறதா பாருங்கள். சத்தத்தின் ஏற்ற இறக்கத்தைக் குறைத்துத் தரும், பேச்சு கொஞ்சம் மேலே வரும், ஒரு சதம் செலவில்லை. அதுவும் போதாவிட்டால் சென்டர். முன்பெட்டிகளின் அதே கம்பனி, அதே வரிசையில் எடுத்தால் குரல் இடம் மாறும்போது நிறம் மாறாது. அலுமாரித் தட்டுக்குள் ஆழமாகத் தள்ளாமல் விளிம்புக்கு இழுத்து, இருப்பவரின் காதைப் பார்க்கும்படி முன்பக்கத்தைச் சற்று நிமிர்த்தி வையுங்கள். நாங்கள் கீழே வைத்தது ஒரு றப்பர் துண்டு, பழைய செருப்பில் வெட்டியது.

எங்கள் வீட்டில் அதை வைத்து மூன்று மாதம் ஆகிறது. உம்மாவுக்கு எல்லாம் கேட்கிறது என்று சொல்ல மாட்டோம். ஆள் வேகமாகப் பேசினால் இப்போதும் தவறுகிறது. ஆனால் போன கிழமை படத்தில் ஒருவன் பொய் சொல்ல, பிள்ளைகளுக்கு முன்னால் உம்மாதான் சொன்னா: "இவன் முந்தி வேற கதையெல்லவா சொன்ன?"

நம்பாதவர்கள் வெள்ளிக்கிழமை அசருக்குப் பிறகு வீட்டுக்கு வாருங்கள். சென்டரைக் கழற்றியும் போட்டும் காட்டுகிறோம். ஓரத்துக் கதிரையில் இருந்து கேட்க வேண்டும், நடுக்கதிரை உம்மாவுடையது.