ஹலால் உணவா, கூண்டுச் சிறையா?



"நபித்தோழர்கள் உண்ட பிராணியை நாம் வீட்டில் வளர்த்தால் என்ன தவறு?" என்று இளைஞர் சிலர் வாதிடுகின்றனர். அவர்கள் குறிப்பிடுவது ஹதீஸ்களில் வரும் 'ளப்பு'. இவ்வாதம் அடிப்படையிலேயே பிழையானது என்போம்.

முதலில் சொல்லைத் தெளிவுபடுத்துவோம். தமிழ் மொழிபெயர்ப்புகள் 'ளப்பு' என்பதை 'உடும்பு' என்றே எழுதிவிட்டன. கொல்லிமலைக் காடுகளில் ஊரும் உடும்பு பூச்சிகளையும் முட்டைகளையும் சிற்றுயிர்களையும் தின்னும் ஊனுண்ணி. ளப்போ இலை, பூ, விதைகளைத் தின்று பாலைநிலத்தில் வாழும் முள்வால் பல்லி. அதன் இனத்தைச் சேர்ந்த ஒன்று நம் நாட்டில் தார் பாலைவனத்திலும் கட்ச் பகுதியிலும் வாழ்கிறது. 'சாண்டா' எண்ணெய்க்காக அதனைக் கொன்று குவிக்கும் கொடுமையும் நடக்கிறது. ஆகவே ளப்பு பற்றிய ஹதீஸைக் காட்டி உடும்பைப் பிடிப்பது ஆதாரமே ஆகாது.

இனி ஹதீஸைப் பார்ப்போம். அன்னை மைமூனா (ரலி) அவர்களின் இல்லத்தில் பொரித்த ளப்பு வைக்கப்பட்டபோது, நபி (ஸல்) அவர்கள் கையை எடுத்துக்கொண்டார்கள்; தம் ஊரில் இல்லாததால் மனம் ஒப்பவில்லை என்றார்கள். காலித் பின் வலீத் (ரலி) அவர்கள் உண்டார்கள், நபியவர்கள் தடுக்கவில்லை. இதைக் கொண்டே ஷாஃபிஈ மத்ஹப் அதனை ஆகுமாக்கியது. ஹனஃபி மத்ஹப் வேறு ஆதாரங்களால் மக்ரூஹ் என்றது. இரு தரப்பும் பேசியது உணவைப் பற்றி. கூண்டில் அடைப்பதற்கான அனுமதியை இதிலிருந்து எப்படி எடுக்க முடியும்?

"சிறுவர் அபூஉமைர் குருவி வளர்த்தாரே?" என்பர். உண்மைதான்; உயிரினம் வளர்ப்பதை மார்க்கம் முற்றாகத் தடுக்கவில்லை. ஆனால் பூனையைக் கட்டிவைத்து, உணவும் தராமல், தானே இரைதேடவும் விடாமல் சாகடித்த பெண் நரகம் புகுந்தாள் என்ற எச்சரிக்கையும் நமக்கு உண்டு. உரிமையைப் பிடித்துக்கொண்டு பொறுப்பை விட்டுவிடலாமா?

முள்வால் பல்லி கொதிக்கும் வெயிலில் காய்ந்து உடற்சூட்டைப் பெறும் பிராணி; குளிர்காலத்தில் வளைக்குள் உறங்கிவிடும். காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் கொல்லிமலையில் கிடைப்பது மூடுபனியும் ஈரக்காற்றும். அங்கே கண்ணாடித் தொட்டியில் அதனை அடைப்பது பாசமன்று, மெல்லக் கொல்வது. தன் நிலத்தில் வளை தோண்டி வாழும் படைப்பைக் காட்சிப்பொருளாக்குவது அமானிதத்திற்குச் செய்யும் துரோகம்.

சட்டமும் தெளிவானது. உடும்பும் இந்திய முள்வால் பல்லியும் 1972 ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பாதுகாப்பில் உள்ளவை. உடும்பை வேட்டையாடினால் 3 முதல் 7 ஆண்டுகள் வரை சிறை. உயிருடன் பிடிப்பதையும் சட்டம் வேட்டை என்றே கருதுகிறது. மார்க்கத்தின் பெயரால் இக்குற்றத்தை நியாயப்படுத்துவோர், மார்க்கத்திற்கே இழுக்குத் தேடித் தருகின்றனர்.

பெற்றோரே, பிள்ளைகள் கேட்டால் பாலைவனப் பல்லியின் படத்தைக் காட்டுங்கள். கொல்லிமலைக்கு அழைத்துச் சென்று, காட்டில் உலவும் உயிர்களைத் தொலைவில் நின்று காணச் செய்யுங்கள். படைத்தவனின் வல்லமையை உணரக் கூண்டு தேவையில்லை.

படைப்புகள் மீது இரக்கம் காட்டுவோராக வல்ல அல்லாஹ் நம்மை ஆக்கியருள்வானாக. ஆமீன்.